மகன் வீடு மாறினால் பெற்றோரும் முகவரி மாற்றத்தைத் தெரிவிக்க வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் ஞாயிறு பதிப்பில் அண்மையில் வெளிவந்த, வீடு மாறுவோர் கவனிக்க வேண்டியவை பற்றிய குறிப்புகளைப் படித்தேன். தெனாகா மின்சாரக் கணக்கு, தண்ணீர்க் கட்டணம், வங்கி, ஊழியர் சேமநிதி, பிள்ளைகளின் பள்ளி என்று பலவற்றையும் நினைவூட்டியிருந்த கட்டுரையாளர், வெளிநாட்டில் குடியிருப்பு உரிமை பெற்று வாழும் மலேசியர்களான நம்மவர்கள் அந்நாட்டுக் குடிநுழைவுத் துறைக்குத் தெரிவிக்க வேண்டியதைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லை. அவரைக் குறை சொல்ல எனக்குத் தகுதியில்லை. என் வீட்டுப் பட்டியலிலும் அதே வரிதான் விடுபட்டுப் போயிற்று.

என் மகன் அமெரிக்கக் குடியுரிமை பெற்றவன். அவன் மனுச் செய்ததால் எனக்கும் என் துணைவியாருக்கும் அங்கே நிரந்தரமாகக் குடியிருக்க உரிமை தரும் கிரீன் கார்டு கிடைத்தது. ஆண்டின் பெரும்பகுதியை அவனோடும், எஞ்சிய சில மாதங்களைக் கோலாலம்பூர்ச் செந்தூலிலும் கழித்து வருகிறோம். நியூ ஜெர்சியில் இருந்தவன் வேலை காரணமாக டெக்சாஸுக்கு மாறியபோது வங்கி, காப்பீடு, ஓட்டுநர் உரிமம் எல்லாவற்றிலும் முகவரியை மாற்றினான். பழைய வீட்டுக்கு வரும் கடிதங்களைப் புதிய வீட்டுக்குத் திருப்பிவிடும்படி தபால் துறையிலும் பதிந்து வைத்தான். குடிநுழைவுத் துறைக்கு மட்டும் எதையும் தெரிவிக்கவில்லை. குடிமகனாகிவிட்ட அவன் தன் பொருட்டு வீடு மாறியதை அங்கே சொல்ல வேண்டிய அவசியமே இல்லை என்பதால், அந்தத் துறையின் நினைப்பே அவனுக்கு எழவில்லை. அவனுக்கு இல்லாத அந்தக் கடமை, அவன் வீட்டின் பின்னறையில் தங்கியிருக்கும் எங்கள் இருவருக்கும் தனித்தனியே உண்டு என்பதை நாங்களும் அறிந்திருக்கவில்லை.

அச்சமயம் என் கார்டைப் புதுப்பிப்பதற்கான விண்ணப்பம் நிலுவையில் இருந்தது. தபால் துறையில் பதிந்து வைத்திருந்தும், கைரேகை பதிய வரும்படி அழைத்த கடிதம் நியூ ஜெர்சி வீட்டுக்கே போயிற்று. அங்கே புதிதாகக் குடிவந்தவர்கள் அதைத் திருப்பி அனுப்பினார்களா, குப்பையில் போட்டார்களா என்பது இன்றுவரை தெரியாது. குறித்த நாளில் வராமலும் வேறு நாள் கேட்காமலும் இருப்பவர் தம் விண்ணப்பத்தைக் கைவிட்டதாகக் கொள்ளலாம் என்பது விதி. என் விண்ணப்பத்துக்கும் அதுவே நேர்ந்தது. தபாலில் மறுபடியும் விண்ணப்பித்து, இரண்டாம் முறையாக 465 டாலர் கட்டினோம். பணம் போனது போகட்டும். கார்டு காலாவதியாகிக் கிடந்ததால் பயணம் செய்யத் துணியாமல், ஈப்போவில் நடந்த என் அக்காள் மகள் திருமணத்துக்கு வராமலேயே இருந்துவிட்டேன். அக்காள் இன்னும் அதைச் சொல்லிக் காட்டுகிறார்.

விதி இதுதான். அமெரிக்காவின் 1952ஆம் ஆண்டு குடிநுழைவு, குடியுரிமைச் சட்டத்தின் 265ஆம் பிரிவின்படி, அங்கே பதிவுக்குட்பட்ட வெளிநாட்டவர் வீடு மாறிய 10 நாட்களுக்குள் புதிய முகவரியைத் தெரிவிக்க வேண்டும். நிரந்தரவாசியாகிப் பல்லாண்டுகள் ஆகியிருந்தாலும், குடியுரிமை பெறும் நாள்வரை இது பொருந்தும். அதற்கான படிவம் ஏ.ஆர்.-11, கட்டணம் கிடையாது, ஆகவே இதை நிரப்பித் தருவதாகச் சொல்லிக் காசு கேட்கும் இணையத்தளங்களையும் ஏஜெண்டுகளையும் நாட வேண்டியதில்லை. கணவன், மனைவி ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் படிவம். 14 வயது நிரம்பாத பிள்ளைக்காகப் பெற்றோர் தெரிவிக்க வேண்டும். தக்க காரணமின்றித் தெரிவிக்கத் தவறுவது அபராதத்துக்கோ 30 நாள் வரையிலான சிறைக்கோ உரிய குற்றம் என்றும், நாட்டை விட்டு வெளியேற்றப்படுவதற்கும் அது காரணமாகலாம் என்றும் அடுத்த பிரிவு கூறுகிறது. தபால் துறையில் பதிந்தால் போதும் என்று என் மகனைப் போலவே பலரும் நம்புகிறார்கள். தபால் துறையிடம் சொன்னது குடிநுழைவுத் துறையின் பதிவேட்டுக்குப் போய்ச் சேராது. 2023 அக்டோபரிலிருந்து இணையக் கணக்கு வழியாக ஒரே முறையில் நிலுவை விண்ணப்பங்களின் முகவரியையும் சேர்த்து மாற்றும் வசதி வந்திருப்பதால், என்னைப் போன்ற முதியவர்களும் பேரப்பிள்ளையை அருகில் உட்கார வைத்துக்கொண்டு சில நிமிடங்களில் இதை முடித்துவிடலாம்.

இங்கே இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பெற்றோரின் செலவுக்குப் பொறுப்பேற்று உறுதிமொழிப் பத்திரத்தில் கையெழுத்திட்ட பிள்ளை, தான் குடிமகனே ஆனாலும், பொறுப்பாளர் என்ற முறையில் ஐ-865 என்ற வேறொரு படிவத்தின் மூலம் 30 நாட்களுக்குள் தன் புதிய முகவரியைத் தெரிவிக்கக் கடமைப்பட்டவன். என் மகன் அதையும் செய்திருக்கவில்லை.

எஃப்-1 என்ற மாணவர் விசாவில் அமெரிக்காவுக்குப் படிக்கப் போன பிள்ளைகளுக்கு வழி சற்று வேறு: அவர்கள் தங்கள் கல்லூரியின் வெளிநாட்டு மாணவர் அலுவலரிடம் அதே 10 நாட்களுக்குள் சொல்ல வேண்டும், அரசாங்கப் பதிவேட்டில் அதைச் சேர்ப்பது அவர் வேலை. விடுதியிலிருந்து நண்பர்களோடு வாடகை வீட்டுக்கு மாறுவதும் இதில் அடங்கும் என்று பிள்ளையிடம் பெற்றோர் தொலைபேசியில் ஒரு வார்த்தை சொல்லி வைப்பது நல்லது.

நமக்கு இந்த மறதி ஏன் வருகிறது என்று யோசித்துப் பார்த்தேன். பத்தாங் பெர்ஜுந்தைப் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தவன் நான். அங்கே யாருக்குக் கடிதம் வந்தாலும் தோட்டத்து ஆபீசுக்குத்தான் வரும். ஆபீஸ் எழுத்தரான கிராணி பெயரைக் கூப்பிட்டுக் கொடுப்பார். தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்கு மாறினாலும் முகவரி மாறாது. பட்டணத்துக்கு வந்த பிறகும் அந்தப் பழக்கம் நம்மை விடவில்லை. துண்டாடப்பட்டு வீடமைப்புத் திட்டமாகிவிட்ட தோட்டத்தின் பெயரை இன்னும் அடையாள அட்டையில் சுமந்து கொண்டிருப்பவர்கள் என் உறவினர்களிலேயே இருக்கிறார்கள். வீடு மாறிய 30 நாட்களுக்குள் தேசியப் பதிவிலாகாவில் தெரிவிக்க வேண்டும் என்று நம் நாட்டு விதியும் சொல்கிறது என்பதை அவர்களிடம் கூறினால், "ஓட்டுப் போட ஊருக்குப் போகிற சாக்கில் சொந்தக்காரர்களைப் பார்க்கலாமே" என்று சிரிக்கிறார்கள். 2021 டிசம்பரில் வாக்காளர் பதிவு தானியங்கி முறைக்கு வந்தபின் புதிய வாக்காளருக்கு அடையாள அட்டை முகவரியே தொகுதியைத் தீர்மானிப்பதால், அந்தச் சாக்கு அவர்களின் பிள்ளைகளுக்கும் கிடைத்துவிட்டது.

குடியுரிமை இல்லாமல், நிரந்தரவாசிகளுக்குரிய சிவப்பு அடையாள அட்டை வைத்திருக்கும் நம் முதியவர்களுக்கு இது சிரித்துவிட்டுப் போகும் விஷயமன்று. குடியுரிமைக்கு மனுப்போட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும் பாட்டி ஒருவர் அதற்கிடையில் மூத்த மகன் வீட்டிலிருந்து இளைய மகள் வீட்டுக்கு மாறியிருப்பார். நேர்காணலுக்கு அழைக்கும் கடிதம் மூத்தவரின் பழைய அடுக்குமாடி வீட்டுக் கதவிடுக்கில் கிடக்கும். அட்டையின் முகவரியை மாற்றும்போதே, நிலுவையில் உள்ள மனுவிலும் முகவரி மாறியதா என்று முகப்பில் கேட்டு, அத்தாட்சியை வாங்கி வைத்துக்கொள்வது அவரை அழைத்துச் செல்லும் பிள்ளையின் வேலை.

தாங்கள் அந்தக் குறிப்புகளை மறுபடியும் வெளியிடும்போது குடிநுழைவுத் துறையையும் தேசியப் பதிவிலாகாவையும் அதில் சேர்க்குமாறும், அமெரிக்காவில் பிள்ளைகள் உள்ள குடும்பங்களுக்காக அந்த 10 நாள் கெடுவைத் தனியே குறிப்பிடுமாறும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற எழுத்தர் ஒருவர்,
செந்தூல், கோலாலம்பூர்.