தீபாவளிக்குப் பேட்டரி பொம்மை வேண்டாம், ஒரு மரப்பெட்டி போதும்

டர்பன், சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ் கோயில்களின் மகளிர் குழுவினருக்கு,

வணக்கம். காதுகேளாப் பிள்ளைகளுக்குத் தீபாவளிப் பொம்மை தருவது நல்ல காரியம். ஆனால் விளக்கு மின்னி சைரன் அலறும் பொம்மைகளை இந்த ஆண்டு விட்டுவிடுங்கள். விளக்கு எரிந்ததும் பிள்ளை திரும்புகிறது. சத்தம் கேட்டுவிட்டதாக வீட்டார் பூரித்துப்போகிறார்கள். திரும்ப வைத்தது கண்தான்.

அந்தக் காசில் செருப்புப்பெட்டி அளவில் ஒரு மரப்பெட்டி, 12 மரக்கட்டைகள், ஆறு மர உருவங்கள் செய்துவிடலாம். உருவங்கள் ம், ஊ, ஆ, ஈ, ஷ், ஸ் ஆகிய ஒலிகளுக்கு அடையாளம். காதுகேளாப் பிள்ளைகளுக்குப் பேச்சு கற்பித்த டேனியல் லிங்கின் ஆறொலிச் சோதனை இது; பிள்ளைக்கு எந்த ஒலி கேட்கிறது என்று பார்ப்பதற்கு. பேச்சின் தாழ்ந்த சுருதி முதல் உச்ச சுருதி வரை இவற்றுக்குள் வந்துவிடும். ஆ-வுக்கு விமானம், ஊ-வுக்கு ரயில், ஷ்-க்குத் தூங்கும் பாப்பா, ஸ்-க்குப் பாம்பு. ம்-க்குப் பசு வேண்டாம். 'ம்மா' என்றால் ஆ-வும் சேர்ந்துகொள்ளும். 'ம்' என்று ருசிக்கும் சோற்றுக் கிண்ணம் சரி. ஈ-க்கு ஈயையே செதுக்கத் தோன்றும், அதன் கால் ஒடிந்து வாய்க்குள் போகும். 'ஈ ஈ' என்று கீச்சிடும் எலி செய்யுங்கள், வால் இல்லாமல்.

தொண்டையில் சிக்காதிருக்க, எந்தத் துண்டும் 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள குழாய்க்குள் முழுதாக அடங்கக் கூடாது. காந்தம் கூடவே கூடாது. காக்ளியர் கருவி (அறுவை செய்து உள்ளே வைக்கும் செவிக்கருவி) பொருத்திய பிள்ளையின் தோலுக்கடியிலேயே காந்தம் இருக்கிறது. பெட்டியின் அடியில் தடித்த ஃபெல்ட் துணி ஒட்டுங்கள். ஒட்டாவிட்டால் கட்டை விழும் 'டக்' சத்தம் பிள்ளையின் செவிக்கருவியில் பெருகி, அடுத்த ஒலியை அமுக்கிவிடும்.

ஆட்டம் எளிது. பிள்ளை கட்டையைக் கன்னத்தோடு வைத்துக் காத்திருக்கும். அம்மாவோ ஆயாவோ ஓர் ஒலி சொன்னதும் பெட்டியில் போடும். பிள்ளை உதட்டைப் பார்த்துப் போடாதபடி வாயை மறைக்க வேண்டும், ஆனால் கையால் மறைத்தால் ஸ் மங்கிவிடும். எம்பிராய்டரி வளையத்தில் மெல்லிய கறுப்புத் துணி கட்டி மறையுங்கள். ஒரே இடைவெளியில் சொன்னால் பிள்ளை தாளத்தைப் பிடித்துக்கொண்டு கேட்காமலே போடும். இரண்டு நொடி, பிறகு எட்டு நொடி, நடுவில் வெறும் மௌனம் என மாற்றுங்கள். ஒரு மீட்டரில் தொடங்கி மூன்றுக்குப் போகலாம். நேற்று கேட்ட ஸ் இன்று கேட்கவில்லையா? காதுக்குள் பொருந்தும் காதச்சில் அழுக்கோ அதன் குழாயில் ஈரமோ இருக்கும், பேட்டரியையும் பாருங்கள். எல்லாம் சரியாக இருந்தும் கேட்காவிட்டால் ஆடியாலஜிஸ்டிடம் (செவித்திறன் நிபுணரிடம்) சொல்லுங்கள்.

சைகை மொழி பேசும் வீட்டுக்கும் இதே பெட்டிதான். 2023-இல் தென்னாப்பிரிக்கச் சைகை மொழி நம் நாட்டின் 12-ஆவது ஆட்சிமொழியாகிவிட்டது. உருவத்தின் பெயரைக் கையால் சொல்லிக் காட்டுவதில் தயக்கம் வேண்டாம்.

செய்முறையைப் படமாக வரைந்து மூடிக்குள் ஒட்டுங்கள். செவிக்கருவியிலிருந்து கழற்றிய பொத்தான் பேட்டரிகளைப் பெட்டியில் போட்டுவைக்க வேண்டாம் என்பதையும் அதில் எழுதுங்கள். விழுங்கினால் உணவுக்குழாய் வெந்துபோகும்.

இப்படிக்கு,
செவிப்பயிற்சி தருவோர் சிலர்