சோவியத் கோல்களைச் சோவியத் பேரிலேயே விடுங்கள்

ஃபிஃபாவில் புள்ளிவிவரக் கணக்கு பார்ப்பவர்களுக்கு,

வணக்கம். போன வாரம் ஒரு கால்பந்து வினாடி வினாவில் எனக்கு வந்த கேள்வி: உலகக்கோப்பையில் கோல் அடித்த பெலாரஸ்காரர் ஒருவரைச் சொல்லுங்கள். அலெய்னிகவ் என்றேன். பெலாரஸ் தலைநகர் மின்ஸ்கில் பிறந்தவர், 1986இல் சோவியத் அணி ஹங்கேரியை 6-0 என்று துவைத்த ஆட்டத்தில் நான்காவது நிமிடமே கோல் போட்டவர். தவறாம். பெலாரஸ் உலகக்கோப்பைக்கே போனதில்லை, அதெல்லாம் ரஷ்யா கணக்கு என்றார்கள். ஆதாரம் கேட்டால் உங்களைக் காட்டுகிறார்கள். மதிப்பெண் போனால் போகட்டும். (உண்மையைச் சொன்னால் அதிலும் வருத்தம்தான்.)

சோவியத் அணிக்கு வாரிசு ரஷ்யா மட்டும் என்று நீங்கள் வைத்திருக்கும் கணக்கு எங்கே இடிக்கிறது என்பதை 1966ஐ வைத்தே சொல்கிறேன். இங்கிலாந்தில் அந்த அணி நான்காம் இடம் பிடித்தது. மொத்தம் பத்து கோல். அதில் உக்ரைனின் கீவ் அணியைச் சேர்ந்த பொர்குயான் நான்கு, மின்ஸ்க் அணியின் மலஃபேயெவ் மூன்று, அஜர்பைஜானின் பாகு அணியைச் சேர்ந்த பனிஷெவ்ஸ்கி ஒன்று. மாஸ்கோ ஆட்டக்காரர் சிஸ்லென்கோ அடித்தது இரண்டே இரண்டு. பத்தும் இன்று யார் பேரில் இருக்கிறது?

மலஃபேயெவ் பிறந்தது சைபீரியாவில்தானே என்று நீங்கள் மடக்கலாம். ஆமாம், கிராஸ்னயார்ஸ்கில் பிறந்தவர், மாஸ்கோ ஸ்பார்ட்டக்கில் ஆடியவர். 1963இல் மின்ஸ்க் வந்தார், ஊர்க்காரராகவே ஆகிவிட்டார். 1971இல் சோவியத் லீக்கில் அதிக கோல் அடித்தவர் அவர். பயிற்சியாளரான பிறகு, 1982இல் தினமோ மின்ஸ்க்கை சாம்பியன் ஆக்கினார். கடைசி ஆட்டத்தில் மாஸ்கோவிலேயே ஸ்பார்ட்டக்கை 4-3 என்று வென்று, கீவ் அணியை ஒரே புள்ளியில் முந்தினார்கள். பெலாரஸுக்குக் கிடைத்த ஒரே சோவியத் பட்டம் அதுதான். அப்புறம் சோவியத் தேசிய அணியை 1986 உலகக்கோப்பைக்குத் தகுதி பெற வைத்தார். போட்டி தொடங்கச் சில வாரங்கள் இருக்கும்போது அவரை இறக்கிவிட்டு, கீவ் அணியின் பயிற்சியாளர் லபனோவ்ஸ்கியை உட்கார வைத்தார்கள். சமைத்தவர் ஒருவர், பந்தியில் உட்கார்ந்தவர் இன்னொருவர்.

அதே மனிதர் பின்னாளில் பெலாரஸ் அணிக்கே பயிற்சியாளராக வந்தார். 2002 உலகக்கோப்பைக்கான தகுதிச் சுற்றில், 2001இல் மின்ஸ்கில் போலந்தை 4-1 என்று அடித்தார்கள். நான்கும் வசிலியுக் போட்டது. கடைசியில் கார்டிஃப்பில் வேல்ஸிடம் 0-1 என்று தோற்றதில் எல்லாம் போயிற்று. அன்று ஜெயித்திருந்தால் உக்ரைனை முந்தி இரண்டாம் இடம், தகுதிச் சுற்றின் அடுத்த கட்டம். ஆகவே இன்றும் பெலாரஸ் பேருக்கு நேரே உலகக்கோப்பைக் கட்டம் காலி.

எங்கள் பக்கம் அப்பா காலமானதும் மூத்தவன் தாலுகா ஆபீசுக்கு ஓடிப் பட்டாவைத் தன் பேருக்கு மட்டும் மாற்றிக்கொள்வான். இங்கே சோவியத் உடைந்து பிறந்த நாடுகள், அதாவது வாரிசுகள், பதினைந்து பேர். பட்டா மாற்றிக் கொடுத்த தாசில்தார் நீங்கள். 2022இல் ரஷ்யாவைப் போட்டிகளிலிருந்து விலக்கி வைத்தீர்கள். கணக்கு மட்டும் பத்திரமாக அவர்களிடமே இருக்கிறது. 48 அணிகளுக்கு உலகக்கோப்பையில் இடம் கண்டுபிடித்த உங்களுக்கு, பட்டியலில் கூடுதலாக ஒரு வரிக்கு இடமில்லையா?

கோபத்தில் கொஞ்சம் நீட்டிவிட்டேன், மன்னிக்கவும். மலஃபேயெவின் கோல்களைப் பெலாரஸுக்குக் கொடுங்கள் என்று கேட்கவில்லை. சோவியத் கோல்களைச் சோவியத் பேரிலேயே தனியாக எழுதுங்கள் என்றுதான் கேட்கிறேன். கிழக்கு ஜெர்மனி இன்று இல்லை. 1974இல் அது மேற்கு ஜெர்மனியை வென்ற கணக்கு இன்னும் அதன் பேரில்தானே தனியாக இருக்கிறது? அதே மரியாதையை இவர்களுக்கும் தயவுசெய்து கொடுங்கள். 1966இன் பத்து கோல்களிலிருந்து ஆரம்பித்தாலும் போதும்.

இப்படிக்கு,
இரண்டு மதிப்பெண் இழந்த ஒரு கால்பந்து ரசிகன்