மவுஸ் போய்விட்டது என்று முடிவு கட்டும் முன்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். "பழைய மவுஸ் போய்விட்டது, புதுசு ஒன்று கொடுங்கள்" என்று வருகிறவர்களிடம் "பழையதைக் கொண்டு வந்தீர்களா?" என்று நாங்கள் திருப்பிக் கேட்பது சிலருக்கு எரிச்சலாக இருக்கிறது. விற்பதை விட்டுவிட்டு விசாரணை எதற்கு என்று ஒருவர் கேட்டேவிட்டார். காரணம் இதுதான்: மவுஸில் கோளாறே இல்லாமல் புது மவுஸ் வாங்கிப் போகிறவர், அதே தொந்தரவோடு மறுநாள் திரும்பி வருவார். அப்போது நாங்கள் விற்றதுதான் மட்டம் என்று ஆகிவிடும். அதனால் கடைக்குப் புறப்படும் முன் வீட்டிலேயே பார்த்துவிடக்கூடிய சில சோதனைகளை இங்கே எழுதுகிறோம். எதற்கும் தனி சாஃப்ட்வேர் வேண்டாம்.

முதல் வேலை, மவுஸை வேறொரு கம்ப்யூட்டரில் மாட்டிப் பார்ப்பது. அங்கே ஒழுங்காக ஓடினால் மவுஸை விட்டுவிடுங்கள், குறை உங்கள் கம்ப்யூட்டர் பக்கம். மவுஸைச் செருகும் போர்ட்டை (துளையை) மாற்றிப் பாருங்கள். கொஞ்ச நேரம் சும்மா விட்டால் மவுஸ் செத்துப்போய், பிடுங்கி மாட்டினால் உயிர் வருகிறது என்றால், விண்டோஸ் மின்சாரம் மிச்சம் பிடிக்கிறது என்று சந்தேகப்படலாம். கம்ப்யூட்டரில் உள்ள சாதனங்களைப் பட்டியலிடும் விண்டோஸின் டிவைஸ் மேனேஜரில் யு.எஸ்.பி ரூட் ஹப் என்று இருக்கும். அதன் பவர் மேனேஜ்மென்ட் பகுதியில் உள்ள டிக்கை எடுத்துவிட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

லேப்டாப் வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. டைப் அடிக்கும்போது கர்சர் தானாக வேறு வரிக்குத் தாவுகிறது, மவுஸ் சரியில்லை என்று கொண்டு வருகிறீர்கள். அநேகமாக உள்ளங்கை டச்பேடில் படுவதுதான் காரணம். மவுஸ் மாட்டியிருக்கும்போது டச்பேட் அணைந்திருக்கும்படி செட்டிங்ஸில் மாற்றிக்கொள்ளலாம். சார்ஜர் போட்டால் மட்டும் அம்பு துடிக்கிறது, கழற்றினால் அமைதியாகிறது என்றால் அதுவும் டச்பேட் வேலைதான். வீட்டு பிளக்கில் எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் பாருங்கள். இதற்கு எங்களிடம் மருந்து இல்லை.

சரி, மவுஸிலேயே வரும் கோளாறுக்கு வருவோம். எங்கள் சர்வீஸ் மேசைக்கு அதிகம் வருவது ஒரே புகார்தான்: ஒரு கிளிக் செய்தால் இரண்டாக விழுகிறது.

சோதிப்பது சுலபம். வேர்டில் ஏதாவது ஒரு ஃபைலைத் திறந்து, ஒரு சொல்லின் நடுவில் ஒரே ஒரு முறை கிளிக் செய்யுங்கள். கர்சர் அங்கே போய் நிற்க வேண்டும், அவ்வளவுதான். முழுச் சொல்லும் தேர்வாகிவிட்டால் மவுஸ் இரண்டு கிளிக் அனுப்பிவிட்டது என்று பொருள். இந்தக் கோளாறு விட்டு விட்டுத்தான் வரும் என்பதால் மெதுவாக, வேகமாக, லேசாக, அழுத்தமாக என்று பலவிதமாகச் செய்து பாருங்கள். அப்புறம் டெஸ்க்டாப்பில் ஒரு ஃபைலைப் பிடித்து, விரலை எடுக்காமல் திரை முழுவதும் இழுத்துச் சுற்றுங்கள். நடுவழியில் அது கைநழுவி விழுந்தால் இதே நோயின் இன்னொரு முகம். டி.டி.பி (கம்ப்யூட்டரில் பக்கம் வடிவமைக்கும்) வேலை செய்கிறவர்கள் இதை முதலில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

பட்டனுக்கு அடியில் ஒரு சின்ன மைக்ரோ ஸ்விட்ச் இருக்கிறது. அதற்குள் செம்புக் கலவையில் செய்த மெல்லிய தகடு ஒன்று வளைந்து நிற்கும். நீங்கள் அழுத்தும்போது அது துள்ளிப் போய் எதிர்ப்புள்ளியைத் தொடும். தொட்ட வேகத்தில் லேசாகக் குதிக்கவும் செய்யும். புது ஸ்விட்ச்சிலும் இந்தக் குதிப்பு உண்டு. ஆனால் மவுஸில் இருக்கும் சிப் சில மில்லி செகண்டு பொறுத்திருந்து எல்லாவற்றையும் ஒரே கிளிக்காகக் கணக்கெடுக்கும். நாளாக ஆகத் தகட்டின் இழுவிசை தளரும், தொடுபுள்ளி கறுக்கும். குதிப்பு அந்தப் பொறுமையைத் தாண்டும்போது சிப் இரண்டாக எண்ணிவிடுகிறது. விண்டோஸ் சாதாரணமாக அரை விநாடிக்குள் வரும் இரண்டு கிளிக்கை டபுள் கிளிக் என்று எடுத்துக்கொள்ளும், ஃபைல் திறந்துவிடும். செட்டிங்ஸில் டபுள் கிளிக் வேகத்தைக் கூட்டினால் தீருமா என்று கேட்கிறீர்கள். பெரும்பாலும் தீராது. தகட்டின் துள்ளல் அந்த அளவுகோலுக்கெல்லாம் பிடிபடாத வேகம்.

குறை ஸ்விட்ச்சில்தான் என்று உறுதி செய்ய ஒரு வழி உண்டு. செட்டிங்ஸில் இடது, வலது பட்டன்களை மாற்றிப் போட்டு, வலது பட்டனால் கொஞ்ச நேரம் வேலை பாருங்கள். தொந்தரவு நின்றுவிட்டால் இடது ஸ்விட்ச் தேய்ந்துவிட்டது. நிற்கவில்லையென்றால் வேறு எங்காவது தேட வேண்டும்.

ஸ்விட்ச்சுகளை 1 கோடி, 2 கோடி, 5 கோடி கிளிக் தாங்கும் என்று சொல்லி விற்கிறார்கள். நாளைக்கு 5,000 கிளிக் செய்கிற கணக்காளருக்கு 1 கோடி என்பது 2,000 நாள். காகிதத்தில் ஐந்து வருஷத்துக்கு மேல் வரும். உப்புக்காற்றும் தூசியும் உள்ள அறையில் அவ்வளவு எதிர்பார்க்காதீர்கள்.

இதற்கு நிரந்தர வைத்தியம், ஸ்விட்ச்சைக் கழற்றிப் புதிதாகச் சால்டர் வைப்பது. மூன்று கால்தான், வேலை சின்னது. கான்டாக்ட் கிளீனர் அடித்தாலும் கொஞ்ச நாள் ஓடும், பிறகு பழைய கதை. ஸ்விட்ச்சின் மூடியைத் திறந்து தகட்டை வளைத்துவிடுவதைச் சிலர் வீட்டில் செய்து பார்க்கிறார்கள். தகடு தெறித்துப் போனால் தேடிக் கிடைக்காது. ஒரு வாடிக்கையாளர் தையல் மெஷின் எண்ணெயை ஊற்றிக் கொண்டு வந்தார். அந்த மவுஸைப் பற்றி மேலும் சொல்வதற்கில்லை.

ஸ்க்ரோல் வீலுக்கும் இதே மாதிரிதான் சோதனை. நீளமான ஃபைல் ஒன்றைத் திறந்து, ஒவ்வொரு படியாகக் கீழே உருட்டுங்கள். நடுவில் பக்கம் மேலே எகிறினால், சக்கரத்தின் பக்கத்தில் அதன் சுழற்சியை எண்ணும் என்கோடருக்குள் அழுக்கு சேர்ந்திருக்கிறது. முதலில் வீல் இடுக்கில் பலமாக ஊதி, வேகமாகச் சுற்றிப் பாருங்கள். தலைமுடி சிக்கியிருந்தால் ட்வீசரால் எடுங்கள். அதற்கும் மசியவில்லையென்றால் ஐசோப்ரோபைல் ஆல்கஹால் ஒரு சொட்டு, அல்லது என்கோடரையே மாற்றுவது. என்கோடர்கள் பல உயரத்தில் வருகின்றன. போனில் மாடல் பெயரை மட்டும் சொன்னால் போதாது, மவுஸை நேரில் பார்க்க வேண்டும். சானிடைசரால் துடைக்காதீர்கள். பலவற்றில் கிளிசரின் கலந்திருக்கும், பிசுபிசுப்பு உள்ளேயே தங்கிவிடும்.

அம்பு நகரவில்லை, தத்துகிறது என்றால் முதலில் மேசையைப் பாருங்கள். மவுஸின் அடியில் இருப்பது ஒரு குட்டி கேமரா. விநாடிக்கு ஆயிரத்துக்கும் மேல் படம் எடுத்து, முந்தைய படத்தோடு ஒப்பிட்டு, எவ்வளவு நகர்ந்தோம் என்று கணக்குப் போடுகிறது. வழவழப்பான கண்ணாடியில் ஒப்பிட எதுவும் இல்லாததால் சாதாரண மவுஸ் திணறும். கண்ணாடியிலும் ஓடும் விலை கூடிய மவுஸ்கள் உண்டு. ஆனால் ஒரு ஏ4 தாளை விரித்தாலே வேலை முடிந்துவிடுகிற இடத்தில் அவை எதற்கு? அடியில் உள்ள துளையில் முடியோ நூலோ கிடந்தாலும் அம்பு தத்தும், காது குடையும் பஞ்சு பட்ஸால் எடுத்துவிடுங்கள். சிவப்பு லைட் எரியவில்லை என்ற பயமும் பல நேரம் வீண். நிறைய வயர்லெஸ் மவுஸ்களில் வருவது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி. செல்போனின் முன்பக்கக் கேமராவில் பார்த்தால் சில சமயம் தெரியும்.

வயர்லெஸ் என்றால் பேட்டரியை முதலில் மாற்றுங்கள், நகைப்புக்குரிய யோசனை போலத் தோன்றினாலும். அப்புறம் ரிசீவர், அதாவது மவுஸுக்காகக் கம்ப்யூட்டரில் செருகும் குட்டித் துண்டு, இருக்கும் இடம். சி.பி.யு.வின் பின்பக்கம், மேசைக்கு அடியில், பக்கத்து நீல நிற (யு.எஸ்.பி 3.0) போர்ட்டில் ஹார்ட் டிஸ்க் என்று இருந்தால் அம்பு இழுக்கத்தான் செய்யும். யு.எஸ்.பி 3.0 சாதனங்கள் கிளப்பும் இரைச்சல் இந்த மவுஸ்கள் பயன்படுத்தும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் புகுந்து கெடுப்பதை 2012லேயே இன்டெல் நிறுவனம் எழுதி வெளியிட்டிருக்கிறது. ஒரு சின்ன எக்ஸ்டென்ஷன் ஒயர் போட்டு ரிசீவரை மேசை மேல் கொண்டு வாருங்கள். லீவுக்கு ஊருக்குப் போகும்போது பேட்டரியைக் கழற்றி வையுங்கள். ஆல்கலைன் பேட்டரி கசிந்து வெள்ளையாகப் பூத்திருந்தால், எலுமிச்சைச் சாறு தொட்ட பட்ஸால் கையில் படாமல் துடைத்து நன்றாகக் காயவிடலாம். ஸ்பிரிங் அரித்துப் போயிருந்தால் எங்களிடம் கொடுங்கள்.

ஒயர் மவுஸில் 'டிங் டிங்' என்று விண்டோஸ் மணி அடிக்கடி அடித்தால், ஒயர் மவுஸுக்குள் நுழையும் கழுத்துப் பகுதியை லேசாக ஆட்டுங்கள். அம்பு போய்ப் போய் வந்தால் உள்ளே ஒயர் ஒடிந்திருக்கிறது. அந்தத் துண்டை வெட்டிவிட்டு மறுபடி சால்டர் வைக்க வேண்டும்.

இப்போது பணக் கணக்கு. 300 ரூபாய் மவுஸுக்கு ஸ்விட்ச் மாற்றச் சொன்னால் வேண்டாம் என்றுதான் சொல்வோம், கூலி கட்டாது. விலை கூடிய மவுஸ் என்றால் தாராளமாக மாற்றலாம். அதுவும் வாரன்டி முடிந்திருந்தால் மட்டும். பல நல்ல கம்பெனிகள் 1 முதல் 3 ஆண்டு வரை வாரன்டி தருகின்றன. திருகாணி பெரும்பாலும் அடிப்பக்க ஸ்டிக்கருக்குக் கீழே ஒளிந்திருக்கும், அதைக் கிழித்துத் திறந்துவிட்டால் வாரன்டி போச்சு. பில்லைத் தேடி எடுத்துவிட்டு வாருங்கள்.

அவசர வேலையின் நடுவில் மவுஸ் கைவிட்டால் பதறாதீர்கள். இடதுபக்க ஆல்ட், இடதுபக்க ஷிஃப்ட், நம் லாக் மூன்றையும் ஒன்றாக அழுத்தி, வரும் கேள்விக்கு என்டர் தட்டினால், வலப்பக்க எண் விசைகளால் அம்பை நகர்த்தலாம். 5 அழுத்தினால் கிளிக், கூட்டல் குறி அழுத்தினால் டபுள் கிளிக். எண் விசைகள் தனியாக உள்ள கீபோர்டில்தான் இது முடியும்.

சோதனைக்குக் கட்டணம் இல்லை. வயர்லெஸ் மவுஸ் கொண்டு வருகிறவர்கள் ரிசீவரையும் மறக்காமல் எடுத்து வாருங்கள். விலை குறைந்த மாடல்களில் அது தொலைந்தால் வேறு ரிசீவர் பொருந்தாது, நல்ல மவுஸையும் தூக்கிப் போட வேண்டியதாகிவிடும்.

இப்படிக்கு,
கடையின் சர்வீஸ் பிரிவு