புளியங்கொட்டை அளவு

மதுரை,
அழகர் மலைக்குத் திரும்பிய மறுவாரம்

அன்புள்ள ஃபியூஸ்,

நலம், நலமறிய ஆவல். இரண்டு வருடமாக நானும் எழுதவில்லை, நீயும் எழுதவில்லை, கணக்கு நேராகிவிட்டது. உன் மகள் கல்யாணத்துக்கு வராததற்குத் தங்கச்சியிடம் நானே நேரில் திட்டு வாங்கிக்கொள்கிறேன், நீ நடுவில் வராதே. என் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. மாடிப்படி ஏறினால் செக்கானூரணியானின் சைக்கிள் செயின் மாதிரி சத்தம் போடுகிறது. இங்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது. மற்றபடி எல்லோரும் சுகம்.

இனி விஷயம். சி.ஆர்.ஓ. என் வீட்டுக்கு வந்துவிட்டது.

எந்த சி.ஆர்.ஓ. என்று கேட்பாயானால் கடிதத்தை இத்தோடு கிழித்துப் போட்டுவிடு. உனக்கும் எனக்கும் ஆயுளுக்கும் ஒரே சி.ஆர்.ஓ.தான். கல்லூரி லேபில் மின் அலையைத் திரையில் கோடாக வரைந்து காட்டுமே, 1986-ல் நீ எரித்தாயே, அந்த டெக்ட்ரானிக்ஸ் 465.

தெற்குவாசல் பக்கம் ஒரு பழைய இரும்புக் கடைக்கு, மோட்டார் ஸ்டார்ட்டருக்கு ஒரு கைப்பிடி கிடைக்குமா என்று பார்க்கப் போயிருந்தேன். தராசுக்குப் பக்கத்தில், உடைந்த மிக்ஸிகளுக்கும் ஃபேன் றெக்கைகளுக்கும் நடுவில், அது தலைகுப்புறக் கிடந்தது. முதலில் எனக்குத் தெரிந்தது கைப்பிடிதான். பிறகு பக்கவாட்டில் வெள்ளைப் பெயின்டில் எழுதிய லேப் எண். பிறகு, மாப்பிள்ளை, கைப்பிடியில் சணல் கயிற்றால் கட்டிய அட்டை. சிவப்பு மை வெளுத்து ரோஸ் நிறமாகியிருந்தது. மில்லிவோல்ட் சாரின் கையெழுத்தை மறக்க முடியுமா? "பழுது. மாணவர் கவனக்குறைவு." கீழே தேதி. நம் பேட்ச் எண்கூட இருந்தது.

கல்லூரியில் கழித்துக்கட்டிய சாமான்களை மொத்தமாக ஏலம் விட்டிருக்கிறார்கள். கடைக்காரருக்கு அதில் கண் டிரான்ஸ்பார்மர் செம்பின் மீதுதான். இன்னும் ஒரு நாள் தாமதித்திருந்தால் சுத்தியலால் உடைத்திருப்பார். ஆயிரத்து எண்ணூறு ரூபாய்க்குப் பேரம் முடிந்தது. "அந்த டைப்ரைட்டரையும் எடுத்துக்கொள்ளுங்கள், சும்மா தருகிறேன்" என்று ஒன்றை ஆட்டோவில் தூக்கி வைத்தார். டைப்ரைட்டர் இல்லை, பி.பி.சி. மைக்ரோ கம்ப்யூட்டர்! செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, மூச்சுக்கூடச் சத்தமாக விடாமல் ஏ.சி. அறையில் நாம் தரிசித்துவிட்டு வந்தோமே, அது.

வீட்டில் என்ன வரவேற்பு கிடைத்திருக்கும் என்று உனக்கே தெரியும். "இதற்கும் சேர்த்து உலை வைக்க வேண்டுமா?" என்று ஒரே கேள்வி. அதன்பிறகு மூன்று நாள் பேச்சில்லை.

நான் செய்த முட்டாள்தனத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். முப்பது வருடம் சர்வீஸ் செய்தவன், ஊருக்கெல்லாம் புத்தி சொல்பவன், அந்த பி.பி.சி.யைத் திறந்துகூடப் பார்க்காமல் பிளக்கில் செருகினேன். ஆசைதான். போட்டதும் முதலில் அடிக்குரலில் ஒரு ஒலி, உடனே கீச்சென்று ஒரு பீப். உனக்கு அந்த இரண்டு சத்தமும் ஞாபகம் இருக்குமே. இரண்டாவது பீப் வந்துவிட்டால் இயந்திரம் உயிரோடிருக்கிறது என்று அர்த்தம். வந்தது! துள்ளிக் குதித்தேன். பத்து நிமிடம் கழித்துப் படார் என்று ஒரு சத்தம், கீபோர்டு இடுக்குகளிலிருந்து வெள்ளைப் புகை. கூடம், சமையலறை, சாமி படம் எல்லாம் ஒரே நாற்றம். மீனைக் கருக்கினால் வருமே, அதற்கும் ஒரு படி மேல்.

பவர் சப்ளையில் மெயின்ஸ் நுழையும் இடத்தில் ரிஃபா கம்பெனியின் காகிதக் கண்டென்சர்கள் இருக்கின்றன. தேன் நிறத்தில் கண்ணாடி போன்ற உறை. வருடம் ஆக ஆக அந்த உறையில் மயிரிழை மயிரிழையாக விரிசல் விழுந்து ஈரம் உள்ளே இறங்கும். ஒருநாள் கரண்ட் கொடுத்தால் இப்படித்தான் வெடிக்கும். இந்த மாடல் வைத்திருப்பவர்களுக்கெல்லாம் தெரிந்த வியாதி, எனக்கும் தெரிந்ததுதான். இயந்திரத்துக்கு வேறு சேதமில்லை. டவுன்ஹால் ரோட்டில் அதே வேலைக்கான பிளாஸ்டிக் பிலிம் கண்டென்சர் வாங்கி மாற்றினேன். இப்போது டி.வி.யில் "பிபிசி கம்ப்யூட்டர் 32கே" என்று எழுதிக் காட்டிவிட்டு எனக்காகக் காத்திருக்கிறது. முப்பத்திரண்டு கிலோபைட்! என் பேரன் அனுப்பும் காலை வணக்கப் படம் ஒன்றுகூட அதில் அடங்காது. அவனிடம் இதைச் சொன்னால் சிரிக்கிறான். அவன் கைப்பேசிக்குள் ஓடும் ஏ.ஆர்.எம். சிப்பை வடிவமைத்த சோஃபி வில்சனும் ஸ்டீவ் ஃபர்பரும் இந்த பி.பி.சி.யை உருவாக்கியவர்கள்தான். 1985-ல் முதல் ஏ.ஆர்.எம். சிப்பு வந்தபோது அதை ஒரு பி.பி.சி. மைக்ரோவோடு இணைத்துத்தான் ஓட்டிப் பார்த்தார்கள். பாட்டனைப் பார்த்துச் சிரிக்காதே என்றேன். அதற்கும் சிரித்தான்.

இந்தச் சூடு பட்ட பிறகுதான் சி.ஆர்.ஓ.வை மரியாதையோடு அணுகினேன். ஒரு வாரம் சுவிட்சைத் தொடவே இல்லை. பின்பக்கத் திருகுகளைக் கழற்றி நீல உறையை உருவினேன். ஒன்று கவனி: திருகின் மேல் ஒட்டியிருந்த காகித முத்திரை கிழியாமல் இருந்தது. உள்ளே தூசி அரை அங்குலம். மூலையில் பல்லி முட்டை இரண்டு, காலி ஓடுகள். பல்லி விழுந்தால் பலன் சொல்லப் பஞ்சாங்கம் இருக்கிறது, முட்டையிட்டால் என்ன பலன் என்று என் அம்மா இருந்திருந்தால் சொல்லியிருப்பாள். பெயின்ட் அடிக்கும் பிரஷ்ஷால் தூசியைத் தட்டினேன். சாக்கெட்டில் செருகிய டிரான்சிஸ்டர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, கால் துடைத்து, அதே குழியில் அப்படியே செருகினேன். திரைக்குழாய் பக்கம் மட்டும் கையை நீட்டவில்லை. பத்தாயிரம் வோல்ட்டுக்கு மேல் ஓடும் இடம் அது. மில்லிவோல்ட் சார் சொல்வாரே, ஒரு கை எப்போதும் பேன்ட் பாக்கெட்டில் இருக்கட்டும் என்று. வேட்டியில் பாக்கெட் இல்லை. இடது கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

பின்னால் இருக்கும் வோல்டேஜ் செலக்டர் 230-ல் இருக்கிறதா என்று பார்த்தேன். நூறு வாட் சீரிஸ் பல்பு வழியாகக் கரண்ட் கொடுத்தேன். பல்பு ஒரு முறை பளிச்சிட்டு மங்கியது. டிரான்ஸ்பார்மர் பக்கம் பெரிய ஷார்ட் இல்லை என்று தைரியம் வந்தது. பிறகு நேராக மெயின்ஸ். திரை இருட்டு. மீட்டரை எடுத்தேன். உள்ளே 110 வோல்ட் லைன் இருக்கிறது, 55 இருக்கிறது. 15 வோல்ட் இருக்க வேண்டிய முனையில் அரை வோல்ட்கூட இல்லை.

இந்த இடத்தில் நான் அந்தக் காலத்து மேனுவலைப் பற்றிப் பேசாவிட்டால் என் தலை வெடித்துவிடும். இதன் சர்வீஸ் மேனுவலை எவரோ புண்ணியவான் ஸ்கேன் செய்து வைத்திருக்கிறார். சுற்றுப்படத்தில் இந்த முனையில் இத்தனை வோல்ட், அந்த முனையில் இந்த வடிவ அலை என்று படம் போட்டே காட்டியிருக்கிறார்கள். எந்தப் பகுதி எதற்காக, எப்படி வேலை செய்கிறது என்று பக்கம் பக்கமாகப் பாடம். 1972-ல் விற்பனைக்கு வந்த கருவி, நூறு மெகாஹெர்ட்ஸ் வரை அலையைக் காட்டும். வாங்குகிறவனுக்கும் மூளை இருக்கிறது என்று நம்பி எழுதியிருக்கிறார்கள். போன வருடம் என் மகன் வாங்கித் தந்த டிஜிட்டல் கருவியில் 'ஆட்டோ' என்று ஒரு பொத்தான். அழுத்தினால் எல்லாவற்றையும் அதுவே செய்துகொள்கிறது. பழுதானால் தூக்கி எறி என்கிறான். நல்ல கருவிதான், நான் பழிக்கவில்லை. ஆனால் அதோடு எனக்குப் பேச எதுவும் இல்லை.

சரி, 15 வோல்ட் லைன். சுவிட்சை அணைத்துவிட்டு எர்த்துக்கும் அதற்கும் நடுவே ஓம்ஸ் பார்த்தால் ஒரு ஓம்கூட இல்லை, முழு ஷார்ட். அந்த லைனில் தொங்கும் உறுப்புகளோ ஏராளம். ஒவ்வொன்றாகக் கழற்றினால் பலகையின் செம்பு உரிந்துவிடும். அதனால் பெஞ்ச் சப்ளையிலிருந்து ஒரு வோல்ட்டுக்கு மேல் போகாமல், ஒரு ஆம்பியர் மட்டும் அந்த லைனுக்குள் விட்டேன். செம்புத் தடத்தில் கரண்ட் ஓடினால் மில்லிவோல்ட் மில்லிவோல்ட்டாக இறங்கும் அல்லவா? மீட்டர் முனையால் அதைத் தொடர்ந்துகொண்டே போனேன். எறும்புச் சாரியைப் பிடித்துக்கொண்டு சர்க்கரை டப்பாவுக்குப் போவது போலத்தான். ஒரு கிளை பிரியும் இடத்தில் ஒரு பக்கம் இறக்கமே இல்லை, அந்த வழியில் கரண்ட் போகவில்லை. இன்னொரு பக்கம் இறங்கிக்கொண்டே போய் ஒரு பலகையின் மூலையில் நின்றது.

அங்கே ஒரு டான்டலம் கண்டென்சர். புளியங்கொட்டை அளவு. வெளியே கருகவில்லை, வீங்கவில்லை, ஒரு கீறல்கூட இல்லை. ஒரு காலை மட்டும் ஈயத்தை இளக்கித் தூக்கினேன். ஷார்ட் போய்விட்டது.

35 வோல்ட் தாங்கும் புதியது ஒன்றைப் போட்டேன். சுவிட்ச் போட்டு அரை நிமிடம். பச்சைக் கோடு வந்தது, மாப்பிள்ளை. முனை மழுங்காமல், ஊசியால் கீறியது போல. முன்பக்கத்தில் இருக்கும் ஒரு கிலோஹெர்ட்ஸ் சதுர அலையை இரண்டு சேனலிலும் கொடுத்துப் பார்த்தேன். இரண்டும் சரி. இரண்டு உள்ளீட்டிலும் ஒரு மெகாஓம், பிசகாமல்.

இதற்கு என்ன அர்த்தம் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இருந்தாலும் சொல்வேன். நீ 12-0-12 டிரான்ஸ்பார்மரின் செகண்டரியில் வைக்க வேண்டிய ப்ரோப்பை, அதாவது சி.ஆர்.ஓ.வின் அளவு முனையை, மெயின்ஸில் வைத்துவிட்டாய், அதனால்தான் போயிற்று என்று முடிவு கட்டினார்கள். மெயின்ஸ் போயிருந்தால் முதலில் சாக வேண்டியது உள்ளீட்டுப் பகுதி. அது குழந்தை மாதிரி இருக்கிறது. எர்த் கிளிப்பை ஃபேஸில் மாட்டியிருந்தால் வெடித்திருக்கும், லேப் ஃபியூஸ் போயிருக்கும். அன்றைக்கு அப்படி எதுவும் இல்லை. இந்த டான்டலம் வகைக்கு அதுதான் குணம்: ஒரு உதை வாங்கினால் உள்ளே இருக்கும் மெல்லிய ஆக்சைடு படலம் கிழிந்து, சத்தமில்லாமல் ஷார்ட் ஆகிவிடும். இந்த 465 மாடலில் இது எல்லா ஊரிலும் நடப்பது. திருகின் முத்திரைகூடக் கிழியவில்லை என்றேனே. ஒருவரும் திறந்தே பார்க்கவில்லை. திறந்து பார்க்காமலேயே அட்டை கட்டினார்கள்.

இப்போது நான் எழுத வேண்டியதை எழுதுகிறேன். இரண்டு நாளாக இந்த இடத்தில் பேனா நிற்கிறது.

அன்றைக்குக் கரண்ட் போய்த் திரும்ப வந்தது. உனக்கு ஞாபகம் இருக்கிறதோ என்னவோ, எனக்கு இருக்கிறது. ஃபேன் நின்று, மறுபடி சுற்ற ஆரம்பித்தது. கோடு ஒரு தரம் வந்து அணைந்தது அப்போதுதான். உன் கை ப்ரோப்பில், ப்ரோப் செகண்டரியில். நான் பார்த்தேன். எச்.ஓ.டி. அறையில் கேட்டபோது, "நான் பார்க்கவில்லை சார், ரெக்கார்ட் நோட்டு எழுதிக்கொண்டிருந்தேன்" என்றேன். இன்டர்னல் மார்க் அவர் கையில் இருந்தது. அவ்வளவுதான் காரணம். வேறு பெரிய காரணம் எதுவும் இருந்ததாக இத்தனை வருடத்தில் எனக்குத் தேடிக் கிடைக்கவில்லை.

உன் அப்பா உசிலம்பட்டியிலிருந்து முதல் பஸ்ஸில் வந்தார். தோள் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு, "பையன் தெரியாமல் செய்துவிட்டான் சாமி" என்று அந்த அறை வாசலில் நின்றார். செய்யாததற்கு. காஷன் டெபாசிட்டும் போயிற்று, மேலே கிடா விற்ற பணமும் போயிற்று. நான் வராந்தாத் தூணுக்குப் பின்னால் நின்றேன். மறுநாள் கேன்டீனில் உனக்கு 'ஃபியூஸ்' என்று பெயர் வைத்தது யார்? நான்தான். நீயும் சிரித்தாய். நாற்பது வருடமாகச் சிரித்துக்கொண்டிருக்கிறாய்.

அப்பா இருந்தபோதே அந்த உறையைத் திறந்திருக்கலாம். அல்லது வாயை.

திட்ட வேண்டுமென்றால் போனில் திட்டாதே, எழுது. வீட்டில் ஸ்பீக்கர் போட்டுத்தான் பேச விடுகிறார்கள். ஆடியில் உனக்கு லீவு கிடைத்தால் ஓசூரிலிருந்து ஒரு இரவு ரயில்தானே, வா. 12-0-12 டிரான்ஸ்பார்மர் ஒன்று எடுத்து வைத்திருக்கிறேன், டயோடு இரண்டு, பழைய கிராஃப் தாள். உன் ரெக்கார்ட் நோட்டில் அந்தச் சோதனைக்கு அலை வரைய வேண்டிய பக்கம் காலியாகவே போயிற்று. கறி தோசை வாங்கித் தருகிறேன்.

இத்துடன் மாத்திரை டப்பா ஒன்றில் பஞ்சு சுற்றி அந்தக் கண்டென்சரை வைத்திருக்கிறேன். அட்டையையும் அவிழ்த்து மடித்து வைத்திருக்கிறேன், அதை என்ன செய்வது என்று நீ முடிவு செய். என் பேச்சை நம்பாதே. மீட்டரை ஓம்ஸில் வைத்து நீயே அளந்து பார். முனைகளை மாற்றிப் பிடித்தும் பார்.

உன்,
ரெக்கார்ட் நோட்டு