மாடில குடை நடுறதுக்கு முன்னாடி

மக்கா,

உன் மெயிலுக்கு உடனே பதில் போடணும்னுதான் நெனச்சேன், ஆபீஸ்ல வருஷக் கடைசி வேலை, நடுவுல சின்னவளுக்கு காலேஜ் அப்ளிகேஷன், அப்படியே ரெண்டு வாரம் ஓடிப்போச்சு, கோவிச்சுக்காத. தோவாளை வீட்டு மாடி போட்டோ எல்லாம் பார்த்தேன். பின்னாடி மலை, அந்தப் பக்கம் கரண்ட் எடுக்கற காத்தாடிங்க வரிசையா நிக்குது, பார்த்ததும் வயிறு ஒரு மாதிரி ஆயிடுச்சு. மைனி தொட்டில வெச்சிருக்கற அரளி இவ்வளவு பூத்திருக்கு, என் வீட்ல ஒரு கறிவேப்பிலைச் செடியைக் காப்பாத்தறதுக்கே மூச்சு முட்டுது.

பையன் துபாய்ல இருந்து பொங்கலுக்கு வரும்போது கரி போடற கிரில் கொண்டு வரான், மாடில பெரிய குடை ஒண்ணு நட்டு கண்ணாடி டேபிள், நாலு சேர் போடப் போறேன், உன் ஊர்ல எல்லார் வீட்லயும் இதானே, எதை வாங்கலாம்னு சொல்லுன்னு கேட்டிருந்த. எதை வாங்கலாம்ங்கறதை விடு, எதை வாங்கி நான் கெட்டேன்னு சொல்றேன்.

நாங்க இருக்கற ராஞ்சோ குக்கமாங்கா (ஊர் பேர்ல மட்டும்தான் மாங்கா, மரத்துல இல்ல) லாஸ் ஏஞ்சலஸ்ல இருந்து கிழக்க, சான் கேப்ரியல் மலை அடிவாரத்துல இருக்கு. கொஞ்சம் தள்ளி மலையில ஒரு வெட்டு, கஹோன் பாஸ்னு பேரு. உன் வீட்டுப் பக்கத்து ஆரல்வாய்மொழிக் கணவாய் மாதிரியேதான்னு வெச்சுக்கோ. நெவாடா, யூட்டா பக்கம் மேட்டுல குளிர்காத்து தேங்கி அங்க அழுத்தம் ஏறினா, அது கடலைப் பார்த்து இறங்கி ஓடி வரும், அந்த வெட்டுல நெருக்கிக்கிட்டு வேகம் எடுக்கும். சான்டா ஆனா காத்துன்னு சொல்வாங்க, பெரும்பாலும் அக்டோபர்ல இருந்து மார்ச் வரைக்கும். உன் ஆடிக்காத்து கேரளா சாரலைத் தூக்கிட்டு ஜில்லுன்னு வரும், இது நேர் எதிர், ஒவ்வொரு ஆயிரம் மீட்டர் இறங்கும்போதும் பத்து டிகிரி கிட்ட சூடேறி, ஈரமே இல்லாம வரும், ராத்திரி மூக்குல ரத்தம் வந்துடும், கதவுப் பிடியைத் தொட்டா ஷாக் அடிக்கும்.

வீடு வாங்கும்போது பின்வாசல் வடக்கு பார்த்து மலை தெரியுதுன்னு ஆசைப்பட்டு வாங்கினோம். அந்த வடக்குல இருந்துதான் காத்தும் வருதுன்னு எவனும் சொல்லல.

நாலு வருஷம் முந்தி, நவம்பர். ஒம்பதடி குடை, கடைக்காரன் விண்ட் ப்ரூஃப்னு சத்தியம் பண்ணி வித்தான், அடியில தண்ணி ஊத்தற ஸ்டாண்ட், ஃபுல்லா ரொப்பினா 23 கிலோ. கண்ணாடி டேபிள் நடுவுல ஓட்டை, அதுல குடை சொருகி இருக்கும். ராத்திரி மடக்கிட்டுத்தான் படுத்தேன், ஆனா துணியைச் சுத்தி நாடா கட்டல, அதுதான் வினை. ரெண்டு மணிக்கு ஒரு சத்தம், யாரோ ஒரு சாக்கு கூழாங்கல்லைக் கொட்டின மாதிரி. லைட் போட்டுப் பார்த்தா டேபிளைக் காணோம், கால் மட்டும் நாலு நிக்குது. காத்து துணிக்குள்ள புகுந்து தானா விரிச்சு, கம்பு கண்ணாடியை ஒரு நெம்பு நெம்பியிருக்கு. டஃபன்ட் கிளாஸ் உடைஞ்சா பட்டாணி பட்டாணியா சிதறும்லா, அது புல்லு முழுக்க. குடை பக்கத்து வீட்டு நீச்சல்குளத்துல தலைகீழா மிதக்குது. ஒரு மாசம் வாக்குவம் க்ளீனரை வெச்சு புல்லை உறிஞ்சினேன்லே, சிரிக்காத, அடுத்த கோடையிலயும் சின்னவ கால்ல ஒண்ணு குத்திச்சு.

அப்புறம் உக்காந்து கணக்கு போட்டேன், பாலிடெக்னிக்ல படிச்சது அன்னிக்குத்தான் உதவுச்சு. காத்து வேகம் ரெண்டு மடங்கானா தள்ளுற விசை நாலு மடங்கு. ஒம்பதடி குடை அறுபத்திமூணு சதுர அடி, மணிக்கு 100 கிலோமீட்டர் காத்து முழுசாப் பிடிச்சா இருநூறு கிலோவுக்கு மேல இழுக்கும். 23 கிலோ ஸ்டாண்ட் எந்த மூலைக்கு? ஆடிக்காத்துல அம்மியும் பறக்கும்னு சொல்வாங்கல்ல, அம்மி எல்லாம் பறக்காது, அது மேல ஒரு குடையை விரிச்சு நட்டு வெச்சா பறக்கும். அதனால வெயிட்டு போடப் போட பத்திரம்னு நெனைக்காத, காத்து பிடிக்கற பரப்பைக் குறைக்கறதுதான் முதல்ல. இப்ப என்கிட்ட குடையே இல்ல. வேணும்னா வாங்கு, ஆனா எழுந்திரிக்கும்போதே மடக்கி, நாடா கட்டி, கம்போட கழட்டி ரூம்ல படுக்க வெச்சுடு, அஞ்சு நிமிஷம் தேங்கா எடுக்கப் போறோம்னு கூட விரிச்சு வெச்சுட்டுப் போகாத.

சேர், டேபிள் விஷயம் எதிர் வீட்டுப் பெரியவர் சொல்லிக் குடுத்தது, எண்பது வயசு, இங்கயே பொறந்தவர். காத்து எச்சரிக்கை வந்ததும் (58 மைல், அதாவது 93 கிலோமீட்டர் தாண்டி அடிக்கும்னா ஹை விண்ட் வார்னிங் குடுப்பாங்க) மனுஷன் நிதானமா வெளிய வந்து டேபிளைக் கவுத்துப் போடுவார், பலகை தரையோட, கால் மேல. சேரை ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கி, அந்த அடுக்கையே படுக்க வெச்சு, எல்லாத்தையும் லாரிக்காரன் சரக்கு கட்டற ராட்செட் பெல்ட்டால ஒரே கட்டா இறுக்கிடுவார். பத்து நிமிஷம். அவர் வீட்ல எதுவும் பறந்து நான் பார்த்ததில்ல. தனித்தனியா இருந்தா ஒவ்வொண்ணாக் கிளம்பும், ஒரே கட்டா கிடந்தா அசையாது. அலுமினிய சேர் பார்க்க அழகா இருக்கும், வாங்கிடாத, நம்மூர் இரும்பு சேர் இல்லன்னா சிமெண்ட் பெஞ்சு கட்டிக்கோ.

கிரில் கதை வேற. என்னோடது கேஸ் கிரில், நாலு சக்கரம், அதுல ரெண்டுக்குத்தான் லாக். மழைக்குன்னு பெரிய கவர் ஒண்ணு போட்டிருந்தேன், கீழ லூசா. காத்து அடியில புகுந்து கவர் பலூன் மாதிரி உப்பி, அந்த அம்பது அறுபது கிலோ சாமான் தானா உருண்டு போய் படியில சாய்ஞ்சு கிடந்துச்சு. ட்யூப் பிடுங்கிக்கல, தப்பிச்சேன். இப்பல்லாம் காத்து வரும்னா கவரைக் கழட்டிடுவேன், இல்ல போட்டா பெல்ட்டு போட்டு கிரில்லோட சேர்த்து இறுக்கிடுவேன், சும்மா போர்த்தி விடறது மட்டும் கூடாது. சிலிண்டரை மூடிக் கழட்டிடறது. இங்க சின்ன சிலிண்டர், 9 கிலோ கேஸ், நம்மூர் 14.2 கிலோவுல பாதிக்குக் கொஞ்சம் மேல. எங்க ஆளுங்க நிறையப் பேர் அதைத் தூக்கி கராஜுக்குள்ள வெச்சுடுவாங்க, எனக்கு அதைப் பார்த்தா கோவம் வரும், கேஸ் காத்தை விடக் கனம், கசிஞ்சா தரையோட தேங்கும், அங்கயே தண்ணி ஹீட்டர் எரிஞ்சுட்டிருக்கும். வெளியவே நிமிர்த்தி வெச்சு கட்டணும்.

சரி, எல்லாத்தையும் காத்து மறைவா வீட்டுச் சுவத்தோரம் தள்ளிட்டா வேலை முடிஞ்சுதுன்னு ரொம்ப நாள் அப்படித்தான் பண்ணிட்டிருந்தேன். 2025 ஜனவரி 7 ராத்திரி அந்த நெனப்பு போச்சு. எங்களுக்கு மேக்க, அல்டடீனால ஈட்டன் தீ, கடலோரம் பாலிசேட்ஸ் தீ, ரெண்டும் ஒரே நாள் ஆரம்பிச்சுது, ரெண்டுலயுமா பதினாறாயிரம் கட்டடத்துக்கு மேல போச்சு. எங்க பக்கம் தீ வரல, ஆனா கரண்ட் இல்லாம, போன் வெளிச்சத்துல மூட்டை கட்டி வெச்சுட்டு உக்காந்திருந்தோம். அப்ப மாநிலத் தீயணைப்புத் துறையோட லிஸ்டை எடுத்துப் பார்த்தா, வெளிய கிடக்கற சேர், மிதியடி, பசங்க சாமான் எல்லாத்தையும் உள்ள கொண்டு போ, முடியலன்னா நீச்சல்குளத்துல போடு, கிரில்லை வீட்டை விட்டுத் தள்ளி நகர்த்துன்னு இருக்கு. நான் என்ன பண்ணி வெச்சிருந்தேன்? காத்துக்குப் பயந்து தேக்கு சேர், பஞ்சு மெத்தை, சிலிண்டர் எல்லாத்தையும் படுக்கை ரூம் ஜன்னலுக்குக் கீழயே அடுக்கி வெச்சிருந்தேன். ஒரு நெருப்புப் பொறி மெத்தையில விழுந்தா போதும். கைலியோட வெளிய போய் இருட்டுல ஒவ்வொண்ணா இழுத்தேன், என் வீட்டுக்காரி டார்ச் பிடிச்சுக்கிட்டு திட்டிக்கிட்டே நின்னா.

காத்து சொல்லுது சுவத்தோட ஒட்டு, தீ சொல்லுது சுவத்தை விட்டு விலகு. ரெண்டுக்கும் பொதுவா ஒரு இடம் எங்க வீட்லயே இருந்திருக்கு, அதுவும் வடக்குக் கோடியில, ஆறடி காங்கிரீட் ப்ளாக் காம்பவுண்ட் சுவர், வீட்ல இருந்து முப்பதடி தள்ளி. காத்து அதுக்கு மேல ஏறித் தாண்டிப் போயிடும், அடியில ஒட்டி நின்னா அடங்கி இருக்கும். அங்க செடி எல்லாம் பிடுங்கிட்டு, சுவத்துல ரெண்டு ஐ போல்ட் (தலையில வளையம் இருக்கற போல்ட்) அடிச்சு, கிரில்லையும் சிலிண்டரையும் அங்கதான் கட்டறேன். மெத்தை மட்டும் உள்ள போயிடும்.

உனக்கும் அதேதான் மக்கா. உனக்குக் காத்து மேக்க இருந்து, அதனால உக்கார்ற இடம் மேக்குக் கைப்பிடிச் சுவத்தை ஒட்டி இருக்கட்டும், போட்டோல நீ காட்டின கிழக்கு மூலை வேண்டாம். சுவத்துக்கு மேல தகர ஷீட்டு அடிச்சு மறைக்கலாம்னு ஆசாரி சொன்னாருன்னு எழுதியிருந்த, வேண்டாம், ஒக்கி புயல்ல உன் மாட்டுக்கொட்டாய் ஷீட்டு எங்க போய்க் கிடந்துச்சுன்னு நீதானே போன்ல சொன்ன. முழுசா உயரமா அடைச்சா, சுவத்தடியில அடங்கினாலும் காத்து தாண்டி வந்து இந்தப் பக்கம் கொஞ்சம் தள்ளி சுழட்டும். பாதி விட்டு பாதி தடுக்கற மறைப்புதான் நல்லது, அம்பது பர்சென்ட் பச்சை நெட்டு, இல்ல மைனியோட அரளித் தொட்டியே வரிசையா. அந்தக் காலத்துல எங்க ஊர் ஆரஞ்சுத் தோப்புக்காரங்க யூகலிப்டஸை வரிசை வரிசையா நட்டதும் இதுக்குத்தான், மறைப்போட உயரத்துக்குப் பத்து மடங்கு தூரம் வரைக்கும் கூடக் காத்து தணியும், எட்டிவாண்டா பக்கம் அந்த மரம் இன்னும் நிக்குது. ஆனா நெட்டு பிளாஸ்டிக், கரி கிரில்லை அது பக்கத்துல வெச்சுடாத. அணைஞ்ச கரியும் ரெண்டு நாள் வரைக்கும் உள்ள கனன்னுட்டு இருக்கும் கேட்டியா, தண்ணி ஊத்திக் கிளறி மூடி போட்ட தகர வாளில வை.

இன்னொண்ணு, பையன் வரப்போறது பொங்கலுக்கு, அப்ப உங்க காத்து தூங்கிட்டு இருக்கும், எல்லாம் சொகமா இருக்கே, இவன் சும்மா பயமுறுத்தறான்னு தோணும். வைகாசி கடைசி வரட்டும். கண்ணாடி டேபிளுக்கு அட்வான்ஸ் குடுத்துட்டியா? குடுத்திருந்தா கேன்சல் பண்ண முடியுமா பாரு, இல்லன்னா ஓட்டை இல்லாத கண்ணாடியா மாத்திக் குடுக்கச் சொல்லு. ஆடில நான் ஊருக்கு வரேன், டிக்கெட் பார்த்துட்டு இருக்கேன். ரெண்டு ராட்செட் பெல்ட்டு கொண்டு வரேன், வேற என்ன வேணும்னு மைனிகிட்ட கேட்டு எழுது.

உன்,
கடைசி பெஞ்சு