கடைசி மூன்று கேள்விகள்

அக்கராயன்,
கிளிநொச்சி.
ஆவணி 10

அன்பு மகளுக்கு,

நாங்கள் இங்கே சுகம். உன் சுகத்துக்கு முறிகண்டிப் பிள்ளையார் துணை.

வட்ஸ்அப் இருக்கிற காலத்தில் அப்பா ஏன் தாளும் பேனையுமாக உட்கார்ந்தார் என்று யோசிப்பாய். போன் எடுத்தால் அம்மா பக்கத்தில் வந்து நிற்பா, ஸ்பீக்கரில் போடுங்கோ என்பா. பிறகு நடப்பதெல்லாம் அம்மாவின் கதைதான். சின்ன மாமாவின் மகள் புதன்கிழமை லண்டனுக்குத் திரும்புகிறாள். சாமானோடு இதையும் கொடுத்து விடுகிறேன். உறையைப் பசை போட்டு ஒட்டியிருக்கிறேன்.

சிறுபோகம் வெட்டி முடிந்தது. மயில் தின்றது போக மிஞ்சியது மோசமில்லை. கடைக்கு இப்போது ரேடியோ வருவதே இல்லை, எல்லாம் சார்ஜரும் ரைஸ் குக்கரும்தான். அம்மாவின் முழங்கால் நோ பழையபடி. உனக்குக் குளிர் தொடங்கப் போகிறது, காதை மூடிக்கொண்டு போ. நேரத்துக்குச் சாப்பிடு. இரவில் படுக்கும் முன் கதவுப் பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்.

விஷயம் வேறொன்றும் இல்லை. தைப்பொங்கலுக்குப் பிறகு நீ பாட்டுக் கேள்வி அனுப்பவில்லை.

வேலை கூட என்று தெரியும், குறை சொல்லவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் பல் தீட்டும் முன் கை தானாகப் போனுக்குப் போகிறது. கரடிப்போக்குச் சந்தியில் தேத்தண்ணீர் குடிக்கிற கூட்டத்துக்கும் பழகிவிட்டது. ‘ரேடியோ அண்ணை, இந்தக் கிழமை பிள்ளை என்ன கேட்டவ?’ என்கிறார்கள். முதல் இரண்டு மாதம் பழைய கேள்விகளைப் புதிது போலச் சொல்லிச் சமாளித்தேன். இப்போது அந்தப் பக்கம் போவதைக் குறைத்துவிட்டேன்.

உனக்கு இதுவரை சொல்லாத ஒன்று. நீ அனுப்பிய கேள்விகள் எல்லாவற்றையும் ஒரு சீ.ஆர். கொப்பியில் எழுதி வைத்திருக்கிறேன். இடப் பக்கம் கேள்வி, வலப் பக்கம் நான் தேடிய வழி, கீழே சிவப்பு மையில் நீ சொன்ன விடை. மொத்தம் 214. முதலாவது நினைவிருக்கிறதா? ‘ஏ.ஈ. மனோகரனில் இருந்து கிளாஷ் என்ற லண்டன் குழுவுக்கு எத்தனை படி?’ மனோகரனைத் தெரியும். சுராங்கனி பாடாத கலியாண வீடு எங்கள் காலத்தில் இல்லை. கிளாஷ் யாரென்று தெரியாது. இரண்டு கிழமை மண்டையைப் போட்டு உடைத்தேன். கடைசியில் நீதான் சொல்லித் தந்தாய். சுராங்கனியை இளையராஜா 1977இல் ‘அவர் எனக்கே சொந்தம்’ படத்துக்கு எடுத்தார், அது ஒரு படி. அதே இளையராஜா 1991இல் ‘தளபதி’ படத்தில் போட்ட காட்டுக்குயிலுப் பாட்டில் ஒரு துண்டை வெட்டி, லண்டன் பாடகி மாயா அருள்பிரகாசம் 2007இல் தன்னுடைய ‘கலா’ இசைத்தட்டின் முதல் பாட்டில் ஒட்டினா, அது இரண்டு. அதே இசைத்தட்டில் இன்னொரு பாட்டு அமெரிக்கப் பட்டியலில் 4ஆம் இடம் வரை போனது. அதற்கு அடியில் ஓடுகிற கிற்றார் கிளாஷ் 1982இல் வாசித்தது, அது மூன்று. கலியாண வீட்டுப் பைலாவில் ஏறி மூன்றாம் படியில் லண்டனில் இறங்கியாகிவிட்டது! அன்றைக்கு இரவு நித்திரை வரவில்லை எனக்கு.

அந்தப் பிள்ளை முதல் இசைத்தட்டுக்குத் தகப்பனின் பெயரை வைத்தா, இரண்டாவதுக்குத் தாயின் பெயரை. 2009 மாசியில், அவ ரகுமானோடு சேர்ந்து செய்த பாட்டு ஒஸ்காருக்குப் போட்டியிட்டபோது, நீ பெரியம்மா வீட்டு ரீவிக்கு முன்னால் இருந்தாய். நாங்கள் சுதந்திரபுரத்தில் இருந்து இரணைப்பாலைக்கு நடந்துகொண்டிருந்தோம். சரி, அது வேண்டாம்.

காட்டுக்குயிலை எத்தனை பேருக்குக் கசெட்டில் அடித்துக் கொடுத்திருப்பேன். பற்றரிக்குத் தடை இருந்த வருடங்களில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவில் வயரைக் கொழுவி, நீ பெடலைக் கையால் சுற்ற நான் பாட்டுச் சரியாக விழுந்திருக்கிறதா என்று கேட்பேன். கை உளைந்து நீ மெதுவாகச் சுற்றினால் சுசீலா ரி.எம்.எஸ். ஆகிவிடுவா. அம்மா அடுப்படியில் இருந்து சிரிப்பா. அந்தக் கை போன வருடம் உன் வேலையிடத்து வினாடி வினாவில், 1967இல் பீட்டில்ஸை முதலிடத்துக்கு வரவிடாமல் தடுத்தவர் யார் என்ற கேள்விக்குத் தனியாக உயர்ந்ததாம். எங்கெல்பேர்ட் ஹம்பர்டிங்க். 1936இல் சென்னையில் பிறந்தவர் என்பதையும் சேர்த்துச் சொன்னாயாம். வெள்ளைக்காரருடைய பாட்டில் வெள்ளைக்காரரையே வென்றாய். சந்தியில் எல்லாருக்கும் சொன்னேன், சென்னை என்றதை ஒருவரும் நம்பவில்லை.

அவ்வளவு நினைவாற்றல் இருக்கிறவளுக்கு அப்பாவின் நினைவு மட்டும் ஏன் வருவதில்லை? போன் எடுக்கிறாய்தான், இல்லை என்று சொல்லவில்லை. கமெராவை மூடிவிட்டு எடுக்கிறாய். கமெரா பழுது என்கிறாய். ஏழு மாதமாகவா ஒரு கமெரா பழுதாக இருக்கும்? நான் சாமான் திருத்துகிறவன், பிள்ளை.

போன கிழமை மழைக்கோலமாக இருந்தது, கடையில் ஒருவரும் இல்லை. கொப்பியின் கடைசிப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 212ஆவது கேள்வி, ஆபா குழுவில் இருந்து மடோனாவுக்கு. நான் ஒரே நாளில் பிடித்தேன். ஆபா 1979இல் போட்ட மெட்டை மடோனா 2005இல் அனுமதி கேட்டு வாங்கினா, ஒரே படி. 213, அமெரிக்காவில் மொத்தம் 31 கிழமை முதலிடத்தில் நின்ற 1977ஆம் ஆண்டு இசைத்தட்டு எது, அதைச் செய்த ஐந்து பேரில் யாருக்கு யார் என்ன முறை? பிளீட்வூட் மாக். 214, ரகுமானில் இருந்து ஏனி லெனொக்ஸுக்கு. 2011இல் ரகுமானும் டேவ் ஸ்ருவர்ட்டும் மிக் ஜாகரோடு ஒரே குழுவில் இருந்தார்கள். ஸ்ருவர்ட்டும் லெனொக்ஸும்தான் யூரித்மிக்ஸ் குழு. இரண்டு படி. சரி என்று சிவப்பில் எழுதியிருக்கிறேன். படி எண்ணுகிற சந்தோசத்தில் இருந்திருக்கிறேன்.

சேர்க்கிட்டில் பழுது தேடுகிறவன் ஒரு இடத்தில் மட்டும் மீற்றரை வைத்துப் பார்க்கக் கூடாது என்று, வேலை பழக வந்த பெடியன்களுக்கு நாற்பது வருடமாகச் சொல்லிக் கொடுத்தவன் நான். மூன்று கேள்வியையும் ஒன்றாக வைத்துப் பார்க்க எனக்கு ஏழு மாதம் எடுத்திருக்கிறது.

நான் ஒன்றும் கேட்கவில்லை. பாட்டுக்காரரைப் பற்றித்தான் எழுதுகிறேன். ஆபாவில் இருந்தது இரண்டு சோடி. இரண்டு சோடியும் பிரிந்தார்கள். அதில் ஒருவர் பிரிந்த பிறகு எழுதிய பாட்டை அந்த மனுசியே பாடி, 1980இல் லண்டனில் முதலிடம் வந்தது. பிளீட்வூட் மாக்கில் ஒருத்தன் தன்னை விட்டுப் போனவளைப் பற்றிக் கோபத்தில் எழுதிய பாட்டுக்கு, அவளே பக்கத்தில் நின்று பின்குரல் கொடுத்தா. எப்படிக் கொடுத்தாவோ, எனக்கு விளங்கவில்லை, நானென்றால் மைக்கால் எறிந்திருப்பேன். லெனொக்ஸும் ஸ்ருவர்ட்டும் இன்னும் ஒரு படி மேலே. அவர்கள் பிரிந்த பிறகுதான் யூரித்மிக்ஸையே தொடங்கினார்கள். 1983இல் அமெரிக்காவில் முதலிடம். ஒருவரையும் ஒருவரும் வீட்டுக்கு வராதே என்று சொன்னதாக நான் எங்கேயும் வாசிக்கவில்லை. ஊர் கதைத்திருக்கும். எந்த ஊர்தான் கதைக்கவில்லை?

அம்மாவுக்கு இதெல்லாம் விளங்காது. விளங்கும், முதலில் அழுவா. பெரியம்மாவின் விஷயத்தில் நீ பார்த்தாய்தானே, கடைசியில் யார் போய் நின்றது? இந்த முறையும் மிளகாய்த் தூள் இரண்டு கிலோ கட்டினா. நான் ஒன்றும் சொல்லவில்லை. மிஞ்சினால் குளிர்பெட்டியில் வை. கச்சானை முதலில் சாப்பிடு, முறிகண்டியில் நேற்றுத்தான் வாங்கியது. நேரத்துக்குச் சாப்பிடு.

கொப்பி என்று எழுதத் தொடங்கியதில் இன்னொன்றும் வந்து நிற்கிறது. எழுதுவதா விடுவதா என்று இரண்டு தேத்தண்ணீர் குடித்துவிட்டேன்.

உன்னுடைய கொப்பிகள். மூன்று. பெரியம்மா கொழும்பில் இருந்து அனுப்பிய ஞாயிறு ஆங்கிலப் பத்திரிகையில் பாட்டுப் பட்டியலை வெட்டி, பக்கத்துக்கு ஒன்றாக ஒட்டி, ஏறினதுக்குப் பச்சை அம்பு, இறங்கினதுக்குச் சிவப்பு அம்பு போட்டிருந்தாயே. அது இடப்பெயர்வில் போகவில்லை. 2004 கார்த்திகையில் நான் எரித்தேன்.

உனக்குச் சோதனைக்கு ஒரு மாதம் இருந்தது. நீ கணக்குக் கொப்பிக்குள் அதை வைத்து எழுதியதைக் கண்டேன். கோபம்தான், வேறு நியாயம் ஒன்றும் இல்லை. மழைக்கு விறகு ஈரமாக இருந்தது. கடதாசி ஒட்டி ஒட்டித் தடித்திருந்ததால் முதல் கொப்பி பற்ற நேரம் எடுத்தது. அம்மா கோயிலுக்குப் போயிருந்தா, அவவுக்கு இன்றைக்கும் தெரியாது. அந்த அடுப்பில் தேத்தண்ணீர் வைத்து உனக்குக் கொண்டுவந்து தந்தேன். நீ தலை நிமிராமல் கணக்குச் செய்துகொண்டிருந்தாய். ‘தாங்ஸ் அப்பா’ என்றாய்.

சோதனை முடிய நீ கேட்டாய். கடைப் பெட்டியில் பத்திரமாக இருக்கிறது, பெறுபேறு வரட்டும் என்றேன். அந்த மார்கழியில் கடல் வந்தது, அதற்குப் பிறகு கொஞ்ச நாள் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. எட்டுப் பாடத்தில் ஏ எடுத்தாய். எரிக்காமல் விட்டிருந்தாலும் எடுத்திருப்பாய். 2006இல் கொழும்புக்குப் போனாய், பாதை பூட்டினார்கள். 2009இல் கடை, பெட்டி, எல்லாம் போனது. அப்போது எனக்கு ஒரு வசதி கிடைத்தது. எங்கள் ஊரில் எது காணாமல் போனாலும் இடப்பெயர்வின் தலையில் போட்டுவிடலாம், யாரும் கணக்குக் கேட்க மாட்டார்கள். செட்டிக்குளம் முகாமில் கம்பிக்கு அந்தப் பக்கம் வந்து நின்று, எங்களைக் கண்டு அழுது, அழுகை ஓய்ந்த பிறகு, ‘கொப்பி?’ என்று கேட்டாயே. கையை விரித்துக் காட்டினேன். நீ பேசாமல் கம்பிக்குள்ளால் என் விரலைப் பிடித்தாய். எனக்காகக் கவலைப்பட்டாய்.

உன் கலியாணத்துக்கு முதல்நாளும் அதைப் பற்றிச் சொன்னாய். அன்றைக்காவது சொல்லியிருக்கலாம்.

214 கேள்விக்கும் விடை தேடினேனே, அந்தப் பாட்டுகளில் முக்கால்வாசி எனக்குப் பிடிக்கவில்லை. சத்தம். அந்த ஆபா மனுசி பாடிய ஒன்று மட்டும் பரவாயில்லை. ஆனால் எரித்ததைத் திரும்ப எழுத வேறு வழி தெரியவில்லை எனக்கு.

ஏன் இப்போது சொல்கிறார் என்று கேட்பாய். இருபது வருடத்துக்கு மேலாக ஒரு பொய்யைக் கட்டிக் காத்தவன் நான். நீ ஏழு மாதமாகக் கமெரா பழுது என்கிறாய். எங்கள் இருவரில் யாருக்கு யார் முகத்தைப் பார்க்க வெட்கம் வர வேண்டும்?

215ஆவது கேள்வியை நான் கேட்கிறேன். லண்டனில் முதல் பட்டியல் வந்தது 1952 கார்த்திகை 14, முதலிடம் அல் மார்ட்டினோ. அடுத்த மாதமே இங்கே இலங்கை வானொலியில் அமீன் சயானி பினாக்கா கீத்மாலா என்ற ஹிந்திப் பாட்டு நிகழ்ச்சியைத் தொடங்கிவிட்டார். மார்ட்டினோவில் இருந்து சயானிக்கு எத்தனை படி? எனக்கு விடை தெரியாது. நீ எதைச் சொன்னாலும் சரி என்று சிவப்பில் எழுதுவேன்.

வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்கு அம்மா கோயிலுக்குப் போனால் ஏழுக்குத்தான் வருவா. உனக்கு அது மத்தியானம். நான் கடையைப் பூட்டிவிட்டு வீட்டில் இருப்பேன். கமெரா பழுதாக இருந்தால் பழுதாகவே இருக்கட்டும், எடு.

காதை மூடிக்கொண்டு போ. கதவுப் பூட்டை இழுத்துப் பார்.

அன்புடன்,
அப்பா

பி.கு.: உறையில் முகவரி எழுதவில்லை. உன் பெயர் மட்டும்தான் எழுதியிருக்கிறேன். மாமாவின் மகள் நீ இருக்கிற இடத்துக்கு வந்து தருவாள், அவளிடம் இடத்தைச் சொல்லு.