நம்ம வேன்வீட்டு சங்கத்தோட 2024-25 ஆண்டறிக்கை (செயலாளர், பெங்களூர்)

வேனையே வீடா மாத்தி ஊர் சுத்துற நம்ம எல்லாருக்கும் வணக்கம். போன ஞாயித்துக்கிழமை அல்சூர்ல நடந்த பொதுக்குழுவுல நான் வாசிச்ச அறிக்கைய, வெளியூர் போயிருந்தவங்க கேட்டதால டைப் பண்ணி போடுறேன். அன்னிக்கு நேரம் பத்தாம விட்டதையும் சேத்திருக்கேன், அதனால நீளமாத்தான் இருக்கும், பொறுமையா படிங்க.

கணக்கு வழக்க மொதல்லயே முடிச்சிடுறேன். வருஷ ஆரம்பத்துல 17 வண்டி, இப்போ 23. சந்தா பாக்கி யாருக்கும் இல்ல, வரவு செலவ பொருளாளர் அக்கா தனியா படிச்சு எல்லாரும் ஒத்துக்கிட்டாச்சு. ஆர்டிஓ விஷயமா புதுசா சேர்ந்தவங்க நிறைய பேர் கேக்குறீங்க, டெம்போ ட்ராவலர் வாங்கி உள்ள கட்டில் போட்டு சிங்க் வெச்சா அது ஆல்ட்ரேஷன், மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவுப்படி அனுமதி வாங்கி ஆர்சில ஏத்தணும், கேரவானாவே ரெடியா வாங்குறவங்க கேரவானுக்குன்னு இருக்கிற ஏஐஎஸ் 124 தர விதிப்படி அப்ரூவல் ஆனதான்னு கேட்டுட்டு வாங்குங்க.

இனி நம்ம வேலை. இந்த வருஷம் பூரா நாம பேசினது, செஞ்சது, சண்டை போட்டது எல்லாமே வண்டிக்குள்ள சூடு, குளிர், காத்து இந்த மூணப் பத்தித்தான்.

ஏப்ரல்ல ஒரு மத்தியானம் ஸ்ரீராம்புரத்து அண்ணன் வண்டியையும் என் வண்டியையும் பக்கத்துல பக்கத்துல வெயில்ல நிறுத்தி எஸ்.பி. ரோட்ல வாங்கின ரெண்டு டிஜிட்டல் தெர்மாமீட்டர உள்ள தொங்க விட்டோம், வெளிய 35 டிகிரி, என் வண்டிக்குள்ள 46, அவர் வண்டிக்குள்ள 38. ரெண்டும் ஒரே மாடல், ஒரே வெள்ளை கலர். வித்தியாசம் என்னன்னா அவர் கூரைத் தகரத்துக்கு உள்பக்கம் சூட்டத் தடுக்கிற நைட்ரைல் ரப்பர் ஷீட்ட இடைவெளி விடாம ஒட்டியிருக்கார், மேல சோலார் பேனல தகரத்துலயே படுக்க வெக்காம நாலு விரக்கடை தூக்கி மாட்டியிருக்கார், அந்த இடைவெளில காத்து ஓடுது, பேனலே கூரைக்குக் குடை பிடிச்ச மாதிரி ஆயிடுது. உள்ள போய் மேல கைய வெச்சுப் பாத்தா ஷீட் ஒட்டின இடம் வெதுவெதுன்னு இருக்கு, ஆனா குறுக்க ஓடுற இரும்பு ரிப் மட்டும் ஒரு கோடு மாதிரி தோசைக்கல்லு சூடு. அத அன்னிக்கே அண்ணன் பாத்துட்டு ரிப் மேலயும் மெல்லிசா ஷீட் சுத்திட்டார்.

என் வண்டி கதை வேற. எனக்கு கட்டிக் கொடுத்த பட்டறைக்காரர் சூடு தடுக்க கிளாஸ்வூல், அதாவது கண்ணாடி இழைப் பஞ்சு, அடைச்சு மேல பிளைவுட் அடிச்சுட்டார், நடுவுல ஈரம் போகாம தடுக்க ஒரு ஷீட் கூட போடல. ரெண்டு பேர் ராத்திரி மூடின வண்டிக்குள்ள படுத்து எந்திரிச்சா மூச்சுலயும் வேர்வையிலயுமே அரை லிட்டருக்கு மேல தண்ணி காத்துல கலந்துடுது, அது குளிர்ந்த தகரத்துல பட்டு முத்து முத்தா நிக்கும், அத்தனையும் கிளாஸ்வூல் குடிச்சுடுச்சு. சக்லேஷ்பூர் மழைல நாலு நாள் இருந்துட்டு வந்து நாத்தம் தாங்காம பிரிச்சுப் பாத்தா பஞ்சு ஊறின துணி மாதிரி தொங்குது, பின்னாடி தகரம் பூரா துரு. அத்தனையும் பிச்சுப் போட்டுட்டு மறுபடி செஞ்சேன், அந்தக் காச நெனச்சா இப்பவும் வயிறு எரியுது. புதுசா கட்டுறவங்க பிளைவுட் அடிக்கிறதுக்கு முன்னாடி ஒரு தரம் என்ன கூப்பிடுங்க, வந்து பாத்துட்டுப் போறேன்.

ஏசி பத்தின கூட்டத்துக்குத்தான் இந்த வருஷம் அதிக கூட்டம். 1 டன்னுன்னு நாம கடைல கேக்குறோமே, அந்த டன் ஐஸ்லேர்ந்து வந்த கணக்கு, 2000 பவுண்டு ஐஸ் 24 மணி நேரத்துல உருகுறதுக்கு எவ்வளவு சூட்ட இழுக்குமோ அவ்வளவு, அதாவது சுமார் 3.5 கிலோவாட். நம்ம மெட்ராஸ்ல ஐஸ் ஹவுஸ் இருக்கே, 1842ல கட்டினது, அமெரிக்காலேர்ந்து கப்பல்ல வந்த ஐஸ் கட்டிய வெக்க, அந்தக் காலத்துல குளிர்ச்சின்னாலே கட்டி ஐஸ்தான். வண்டிக்கும் அதே கததான், 1936ல ஏர்ஸ்ட்ரீம் கிளிப்பர்னு அமெரிக்காவுல அலுமினிய ட்ரெய்லர் வந்தப்போ அதுல குளிர்ச்சிக்கு ட்ரை ஐஸ், அதாவது உறைஞ்ச கார்பன் டை ஆக்சைடு, போடுற ஏற்பாடு வெச்சிருந்தாங்க. இன்னிக்கு கம்ப்ரெசர் வந்தாச்சு, ஆனா ஐஸ் செஞ்ச வேலைய இப்போ பேட்டரி செய்யணும், அங்கதான் நம்மாளுங்க கணக்கு தப்புது.

100 ஆம்பியர் ஹவர், 12.8 வோல்ட் லித்தியம் பேட்டரி ஒண்ணுல 1.28 யூனிட்தான் இருக்கு. 1 டன் இன்வெர்ட்டர் ஏசி சராசரியா 700 வாட் இழுத்தா எட்டு மணி நேரத்துக்கு 5.6 யூனிட், அதுக்கு அந்த மாதிரி அஞ்சு பேட்டரி வேணும், விலையும் எடையும் நீங்களே பாத்துக்கோங்க. ஸ்ரீராம்புரத்து அண்ணன் தகரத்த சரியா மூடினதால அரை டன்னுலயே தூங்குறார், அதுவும் விடிகாலை ரெண்டு மணிக்கு மேல ஆஃப் பண்ணிட்டு கூரை ஃபேன் மட்டும். பிஎல்டிசின்னு சொல்ற, உள்ள பிரஷ் இல்லாத மோட்டார் ஃபேன் சுமார் 30 வாட், பழைய சீலிங் ஃபேன் 75 வாட், இந்தச் சின்ன மோட்டார்தான் நம்ம மாதிரி ஆளுங்களுக்கு வந்த பெரிய கண்டுபிடிப்புன்னு நான் அடிச்சு சொல்வேன். ஊர் 900 மீட்டர் உயரத்துல இருக்கிற நமக்கு, பாதி ராத்திரில வெளிய காத்து தானா குளிர்ந்துடுது, அத உள்ள இழுத்து உள்ள இருக்கிற சூட்ட மேல தள்ளினா போதும்.

ஹம்பி ட்ரிப்புல கே.ஆர். புரம் பெரியம்மா செஞ்சத எல்லாரும் பாத்திருப்பீங்க. வெட்டிவேர் தட்டி ஒண்ணு ஊர்லேர்ந்து கொண்டாந்து காத்து வர்ற பக்கத்து ஜன்னல்ல கட்டி, மேல ஒரு பிளாஸ்டிக் குழாய்ல ஊசியால ஓட்ட போட்டு, சின்ன 12 வோல்ட் பம்ப்பால தண்ணி சொட்ட விட்டாங்க, எதிர்ப்பக்கம் ஃபேன் வெளிய தள்ளுது. அந்த வறண்ட வெயில்ல உள்ள நுழைஞ்சதும் முகத்துல பட்ட காத்தும் அந்த வாசனையும், வெளிய போகவே யாருக்கும் மனசு வரல. ஒரு லிட்டர் தண்ணி ஆவியானா சுமார் 0.67 யூனிட் அளவு சூட்ட எடுத்துட்டுப் போகுது, பம்ப்புக்கும் ஃபேனுக்கும் போற கரண்ட் அதுல ஒரு துளி. அதே தட்டிய கோகர்ணால கட்டினப்போ ஒண்ணும் நடக்கல, கடலோரக் காத்துல ஏற்கனவே ஈரம் நெறஞ்சிருக்கு, தண்ணி ஆவியாக எடமில்ல, மெத்தை ஈரமானதுதான் மிச்சம். டெசர்ட் கூலரும் இதே மாதிரி தண்ணி ஆவியாகித்தான் குளிருது, அத வாங்கலாமான்னு கேக்குறவங்க மொதல்ல எந்த ஊருக்குப் போறீங்கன்னு சொல்லுங்க.

ஃப்ரிட்ஜ் பத்தி சுருக்கமா. கேஸ்ல ஓடுற ஃப்ரிட்ஜ 1922ல ஸ்டாக்ஹோம்ல ரெண்டு காலேஜ் பசங்க, வான் பிளாட்டன், முண்டர்ஸ், கண்டுபிடிச்சாங்க, சுழல்ற பாகமே இல்ல, அடில நெருப்பு வெச்சா மேல குளிரும், கேக்கவே அதிசயம். ஆனா வண்டி சாஞ்சு நின்னா அதுக்குள்ள அம்மோனியா சரியா ஓடாது, நம்ம வெயில்ல குளிர்றதும் கம்மி. நம்ம ரோடுக்கும் நம்ம சீதோஷ்ணத்துக்கும் 12 வோல்ட் கம்ப்ரெசர் ஃப்ரிட்ஜ்தான் சரி, பால் தயிர் கெடாம இருக்கு.

செப்டம்பர் கடைசில நாலு வண்டி லடாக்ல இருக்கிற லே ஊருக்குப் போச்சு. கிளம்பறதுக்கு முன்னாடி ரெண்டு வண்டில டீசல் ஹீட்டர் மாட்டினோம். இதோட அமைப்ப எல்லாரும் புரிஞ்சுக்கணும்: எரியுறதுக்கு வேண்டிய காத்து வண்டிக்கு அடிலேர்ந்து ஒரு குழாய்ல வருது, புகை இன்னொரு குழாய்ல அடிலயே வெளிய போகுது, நாம மூச்சு விடுற காத்து அந்த நெருப்பத் தொடாம அதச் சுத்தி இருக்கிற அலுமினிய உறை மேல மட்டும் ஓடி சூடாகி வருது. நெருப்பு ஒரு பக்கம், மூச்சு ஒரு பக்கம். ராத்திரி பூரா அடில டீசல் பம்ப் டிக் டிக் டிக்னு சொட்டு சொட்டா ஊத்துற சத்தம், மொத நாள் தூக்கம் வராது, அப்புறம் அந்த சத்தம் நின்னாத்தான் முழிப்பு வருது. லே 3,500 மீட்டர், காத்துல ஆக்சிஜன் மூணுல ஒரு பங்கு கம்மி, பெங்களூர்ல செட் பண்ணின அளவுலயே டீசல் விழுந்தா முழுசா எரியாம கரி பிடிக்கும். அங்க மூணாம் நாள் ஒரு ஹீட்டர் வெள்ளைப் புகை கக்கி நின்னுடுச்சு, கழட்டிப் பாத்தா டீசல பத்த வெக்கிற க்ளோ பிளக் பூரா கருப்பு. பம்ப் வேகத்த குறைக்கிற செட்டிங் இருக்கிற மாடலா பாத்து வாங்குங்க. கேஸ் அடுப்பும் அங்க சொன்ன பேச்சு கேக்காது, பூட்டேன் மைனஸ் அரை டிகிரிக்குக் கீழ ஆவியாகாது, புரோபேன் மைனஸ் 42 வரைக்கும் வரும், நம்ம சிலிண்டர்ல ரெண்டும் கலந்திருக்கு, விடிகாலைல சிலிண்டர் கனமாத்தான் இருக்கும், அடுப்பு மட்டும் மினுக் மினுக்குன்னு எரியும்.

இப்போ நான் எழுத வந்த விஷயம். 2024 டிசம்பர்ல கேரளாவுல வடகரை பக்கம் ரோட்டோரம் நிறுத்தியிருந்த கேரவான்ல ரெண்டு பேர் இறந்து கிடந்தாங்க, ஜெனரேட்டர்லேர்ந்து கார்பன் மோனாக்சைடு, அதாவது எதுவும் முழுசா எரியாதப்போ வர்ற விஷ வாயு, உள்ள வந்ததுதான் காரணம்னு விசாரணைல தெரிஞ்சுது. ஏசி போட்டுட்டு தூங்கினவங்க எந்திரிக்கல. நியூஸ் வந்த அன்னிக்கு நம்ம குரூப்ல யாருமே ஒண்ணும் எழுதல, எனக்கும் ராத்திரி தூக்கம் இல்ல, ஏன்னா போன நவம்பர்ல கோத்தகிரில நம்ம வண்டி ஒண்ணுல நடந்தது எனக்குத்தான் தெரியும். குளிர் தாங்கலன்னு சமையல் முடிஞ்ச குமுட்டி அடுப்ப, தணல் தணிஞ்சு போச்சுன்னு நெனச்சு, வண்டிக்குள்ள காலடில வெச்சு கதவ சாத்திட்டாங்க, உள்ள ஒரு குழந்தை. தணல்லேர்ந்தும் அதே வாயுதான் வரும், தலைமாட்டுல மாட்டியிருந்த கார்பன் மோனாக்சைடு அலாரம் அரை மணி நேரத்துல கத்த ஆரம்பிச்சுது, பக்கத்து வண்டில இருந்த நான் ஓடிப்போய் கதவத் தொறந்தப்போ அந்த அக்காவுக்கு எந்திரிச்சு நிக்க முடியல, தலை சுத்துதுன்னு சொல்றாங்க. குழந்தைய தூக்கிட்டு எல்லாரையும் வெளிய இழுத்தோம், அப்புறம் ஆஸ்பத்திரி, கடவுள் புண்ணியத்துல எல்லாரும் நல்லா இருக்காங்க. இந்த வாயு கண்ணுக்குத் தெரியாது, வாசனை வராது, ரத்தத்துல ஆக்சிஜன விட 200 மடங்குக்கு மேல கெட்டியா ஒட்டிக்குது. அந்தக் குடும்பமே பேரு போடாம எழுதுங்கன்னு சொன்னதாலதான் எழுதுறேன்.

அதனால பொதுக்குழுவுல எதிர்ப்பில்லாம ரெண்டு தீர்மானம். கார்பன் மோனாக்சைடு அலாரம் இல்லாத வண்டி இனிமே சங்க ட்ரிப்புக்கு வர முடியாது, வாங்க முடியாதவங்களுக்கு சங்கப் பணத்துலேர்ந்து வாங்கித் தர்றோம், கேக்க கூச்சப்படாதீங்க. மாட்டுற இடமும் முக்கியம், கார்பன் மோனாக்சைடு காத்தோட காத்தா கலந்து நிக்கும், அதனால அலாரம் நீங்க படுக்கிற தலை உயரத்துல, சமையல் கேஸ் காத்த விட கனம், கீழ தேங்கும், அதனால கேஸ் அலாரம் தரையை ஒட்டி, ரெண்டும் வேற வேற, ஒண்ணு இருந்தா இன்னொண்ணு வேணாம்னு நெனக்காதீங்க. ரெண்டாவது, ஜெனரேட்டர் வண்டி அடில ஃபிட் பண்ணியிருக்கிறவங்க அதப் போட்டுட்டு தூங்கக் கூடாது, தரைல வயர் போற ஒவ்வொரு ஓட்டையையும் அடைச்சுக் காட்டணும்.

மழை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி மே கடைசி ஞாயிறு எல்லா வண்டியையும் செக் பண்றோம், ஸ்ரீராம்புரத்து அண்ணன் தரைய பாப்பார், நான் கூரைய பாப்பேன், அலாரம் டெஸ்ட் பட்டன பொருளாளர் அக்கா அமுக்கிப் பாப்பாங்க. மாத்து பேட்டரி நீங்க கொண்டு வாங்க, டார்ச்சும் ஸ்க்ரூ டிரைவரும் நாங்க கொண்டு வர்றோம், காலைல ஏழு மணிக்கே வந்துடுங்க, வெயில் ஏறினா தகரத்துல கை வெக்க முடியாது.

இப்படிக்கு,
செயலாளர்